பெரு பயணம்: மச்சு பிச்சு நுழைவு நேரமும் ரயில் நேரமும் ஒத்துவரவில்லை, பெற்றோருடன் போகிறோம், உதவி தேவை

கேள்வி

வணக்கம். மே கடைசியில் அப்பா (63, பிரஷர் மாத்திரை போடுகிறார்), அம்மா (58) இருவரையும் பெருவுக்கு அழைத்துப் போகிறேன். சென்னையிலிருந்து அமெரிக்கா வழியாக லிமா. மூவரிடமும் இன்னும் சில வருடம் செல்லுபடியாகும் அமெரிக்க சுற்றுலா விசா இருக்கிறது.

போட்டிருக்கும் திட்டம்: 1-ம் நாள் லிமா, 2 குஸ்கோ, 3 வானவில் மலை, 4 மச்சு பிச்சு, 5 குஸ்கோ, 6-7 டிடிகாகா ஏரி, 8 நாஸ்கா கோடுகள், 9 லிமா, இரவு கிளம்புகிறோம்.

சிக்கல்கள்:

மச்சு பிச்சு நுழைவு காலை 9 மணிக்கு, சுற்று 2-ஏ. ஆனால் வாங்கிய ரயில் அதே நாள் காலை 10.30-க்குத்தான் அகுவாஸ் காலியென்டெஸ் (மச்சு பிச்சுவின் அடிவார ஊர்) சேர்கிறது. இரண்டுக்கும் பணம் கட்டியாகிவிட்டது. எதை மாற்றுவது?

அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலி. படிவம் கேட்டதால் நுழைவுச்சீட்டில் இரண்டு கட்டத்திலும் அவர் பெயரையே போட்டேன். பிரச்சினை வருமா?

பெருவுக்குத் தனி விசா வேண்டுமா? மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா?

அப்பா அம்மா சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில் 1

நுழைவுச்சீட்டைத் தொடாதீர்கள், ரயிலை மாற்றுங்கள். அரசு தளத்தில் வாங்கிய நுழைவுச்சீட்டில் நேரமோ தேதியோ மாற்ற முடியாது, பணமும் திரும்பாது. அதோடு 2-ஏ சீக்கிரம் தீர்ந்துபோகும் சீட்டு. 2024 ஜூனிலிருந்து உள்ளே மூன்று சுற்றுகள், பத்து வழிகள் என்று பிரித்துவிட்டார்கள். சுற்று 1 மேல்தட்டில் நின்று ஊரைப் பார்ப்பதோடு சரி, கட்டடங்களுக்குள் இறங்க விடமாட்டார்கள். சுற்று 3 கீழ்ப்பகுதியில் போகும், எல்லாரும் எடுக்கும் அந்த முழுக்காட்சிப் படம் கிடைக்காது. இரண்டும் சேர்ந்து கிடைப்பது சுற்று 2-ல் மட்டும்தான். கையில் இருப்பதை விட்டால் மே மாதத்தில் மறுபடி கிடைப்பது கஷ்டம்.

ரயில் சீட்டை, அதன் வகையைப் பொறுத்து, கட்டணம் கட்டி மாற்றலாம். முந்தைய நாள் மாலை ரயிலுக்கு மாற்றி, இரவு அகுவாஸ் காலியென்டெஸில் தங்குங்கள். குஸ்கோ பக்கத்தில் ரயில் ஏறும் ஊரான ஒயான்டாய்டாம்போவிலிருந்து சுமார் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் சேர்ந்துவிடும். பெரிய பெட்டிகளை ரயிலில் ஏற்ற மாட்டார்கள். இரண்டு நாள் துணி, மாத்திரை, பாஸ்போர்ட் மட்டும் சின்னப் பையில் எடுத்துக்கொண்டு மீதியைத் தங்கிய விடுதியிலேயே வைத்துவிடுங்கள்.

அகுவாஸ் காலியென்டெஸிலிருந்து மேலே பஸ் 25 முதல் 30 நிமிடம். மே மாதத்தில் பஸ் வரிசை மட்டுமே ஒரு மணி நேரம் ஆகலாம். 9 மணி நுழைவென்றால் 7.30-க்கு வரிசையில் நில்லுங்கள். பஸ் சீட்டை முந்தைய நாளே வாங்கி வைத்தால் ஒரு வரிசை மிச்சம்.

நுழைவாயிலில் பாஸ்போர்ட்டின் அசல் வேண்டும், நகல் செல்லாது. உள்ளே கழிப்பறை கிடையாது. வெளியே வந்துவிட்டால் அதே சீட்டில் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அதனால் அப்பா அம்மா இருவரும் வாசலில் இருக்கும் கழிப்பறைக்குப் போய்விட்டு நுழைவது நல்லது. 40×35×20 செ.மீ.க்கு மேல் உள்ள பை, செல்ஃபி குச்சி, டிரைபாட் அனுமதி இல்லை.

பெயரை இரண்டு கட்டத்திலும் போட்டது தவறில்லை. சீட்டில் இருக்கும் பாஸ்போர்ட் எண் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். விமானச் சீட்டு மட்டும் அமெரிக்க விசாவில் உள்ள பெயரோடு பொருந்த வேண்டும். குடும்பப்பெயர் இல்லாதவர்களுக்கு அந்த விசாவில் பெயர் குடும்பப்பெயர் கட்டத்திலும், முதல்பெயர் கட்டத்தில் 'எஃப்.என்.யூ' (FNU, அதாவது முதல்பெயர் தெரியாது) என்றும் இருக்கும். அதை அப்படியே விமான நிறுவனத்திடம் கொடுங்கள்.

தனி விசா வேண்டாம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் இவற்றில் ஒன்றின் விசா குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் பெருவுக்குள் விசா இல்லாமல் போகலாம். 2017-லிருந்து இருக்கும் விதி. கிளம்பும் முன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2

ரயில் சிக்கலைவிட உங்கள் திட்டத்தின் 2, 3-ம் நாள்தான் கவலை தருகிறது. லிமா கடல்மட்டம். குஸ்கோ 3,400 மீட்டர். வானவில் மலை 5,000 மீட்டருக்கு மேல். பிரஷர் உள்ள 63 வயதுக்காரரை 48 மணி நேரத்துக்குள் கடல்மட்டத்திலிருந்து அங்கே ஏற்றக்கூடாது. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோய் பொதுவாக ஏறி 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். முதல் நாள் பகலில் நன்றாக இருக்கிறார் என்று நம்பி அடுத்த நாள் இன்னும் உயரம் போவதில்தான் பலர் மாட்டுகிறார்கள்.

உடம்பு பழகுவது எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. அதனால் குஸ்கோவில் இறங்கியதும் ஊருக்குள் போகாமல் டாக்சி எடுத்து நேராக உருபாம்பா (சுமார் 2,870 மீ) அல்லது ஒயான்டாய்டாம்போ (சுமார் 2,790 மீ) போங்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணம். வழியில் சாலை குஸ்கோவைவிட உயரமாக ஏறி இறங்கும், பயப்பட வேண்டாம். கடந்து போவது வேறு, அங்கே தூங்குவது வேறு.

இப்படி மாற்றிப் பாருங்கள்:

1 – லிமா.
2, 3 – உருபாம்பா அல்லது ஒயான்டாய்டாம்போ இருக்கும் பள்ளத்தாக்கு. 3-ம் நாள் மாலை ரயிலில் அகுவாஸ் காலியென்டெஸ் (2,040 மீ). அங்கே தூங்குவது இன்னும் நல்லது.
4 – காலை மச்சு பிச்சு (2,430 மீ), பிற்பகல் ரயில், இரவு ஒயான்டாய்டாம்போ.
5, 6, 7 – குஸ்கோ.
8, 9 – லிமா.

உங்கள் நுழைவுத் தேதியும் இதில் மாறவில்லை. வானவில் மலையையும் டிடிகாகாவையும் (3,812 மீ) எடுத்துவிட்டேன். பால்கோயோ என்ற இன்னொரு வண்ண மலைக்கு நடை குறைவு என்று முகவர்கள் சொல்வார்கள். அதுவும் 4,900 மீட்டர் பக்கம், வேண்டாம்.

மலைநோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றி அப்பாவின் மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். வழக்கமான அளவு 125 மி.கி., காலை ஒன்று மாலை ஒன்று, ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி மேலே போய் இரண்டு நாள் வரை. சல்பா ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். இது சிறுநீரை அதிகமாகப் பிரிக்கும். அவருடைய பிரஷர் மாத்திரையிலும் அதே வேலை செய்யும் மருந்து இருந்தால் பொட்டாசியம் குறையலாம், அதனால் மருந்துச்சீட்டைக் காட்டிக் கேளுங்கள். விரல் நுனி குறுகுறுப்பது சாதாரணம்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குஸ்கோவில் ஆரோக்கியமானவர்களுக்கே 85 முதல் 92 வரை காட்டும். 88 என்று பார்த்துப் பதற வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நேராக நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் உடனே கீழே இறக்குங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கோகா தேநீர் குடிக்கலாம். இலையையோ தேநீர்ப் பையையோ வெளிநாட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, அமெரிக்காவில் இறங்கப்போகிறீர்கள், அங்கே அதற்குத் தடை.

கேட்டவர்

மிக்க நன்றி, ரயிலை மாற்றிவிட்டேன். நாஸ்காவையும் விட வேண்டியதுதானா? அப்பாவுக்குப் பழைய நாகரிகங்கள் என்றால் உயிர். ஊசி பற்றியும் சொல்லுங்கள்.

பதில் 3

நாஸ்கா லிமாவிலிருந்து சுமார் 450 கி.மீ., பஸ்ஸில் ஏழு மணி நேரம். போய் வர மட்டும் இரண்டு நாள் தின்றுவிடும். அந்த நேரத்தை காரல் என்ற பழைய நகரத்துக்குக் கொடுங்கள். லிமாவுக்கு வடக்கே, பான்-அமெரிக்கன் நெடுஞ்சாலையில் 184-வது கி.மீ.யில் திரும்பி உள்ளே 23 கி.மீ. வயது சுமார் ஐயாயிரம் வருடம், எகிப்தின் பிரமிடுகளுக்குச் சமகாலம். மட்பாண்டமே செய்யத் தெரியாத மக்கள் கட்டிய நகரம். மேடைகளை நிரப்ப கோரைப்புல்லில் பின்னிய பைகளில் கற்களைக் கட்டி, பையோடு அப்படியே அடுக்கியிருக்கிறார்கள். நிலநடுக்கத்தில் கற்கள் பைக்குள்ளேயே அசைந்து அடங்கும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கிழிந்த இடங்களில் அந்தப் பின்னல் இன்றும் தெரியும். உயரம் 350 மீட்டர் அளவுதான், அப்பா நிதானமாக நடக்கலாம். நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் அவசியம். ஒரு முழு நாள் காருக்குப் பேசிக்கொள்ளுங்கள்.

லிமாவில் மிச்ச நாளுக்கு லார்கோ அருங்காட்சியகம். குஸ்கோவில் ஹாதுன் ருமியோக் தெருச் சுவரில் பன்னிரண்டு மூலை வெட்டிய கல்லைத் தேடிப் பாருங்கள், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாந்தே இல்லை. தொட அனுமதி இல்லை.

குஸ்கோ சுற்றுலாச் சீட்டு (பல இடங்களுக்குச் சேர்த்து ஒரே சீட்டு) முழுமையானது 130 சோல் (பெரு பணம்), பத்து நாள் செல்லும். கோரிகாஞ்சா கோயிலும் மராஸ் உப்பளமும் அதில் சேராது, தனியாகக் கட்ட வேண்டும்.

சாப்பாடு: 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் கோழி வரும். 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காடோ' (கறி, கோழி, மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். முட்டையும் கூடாதென்றால் 'சின் ஹுவேவோ' சேர்த்துக்கொள்ளுங்கள். கீன்வா (ஒரு தானியம்) சூப்பில் காய் மட்டும் மிதந்தாலும் அடியில் எலும்புச் சாறு இருக்கும், 'சின் கால்டோ தே கார்னே' (கறிச் சாறு இல்லாமல்) என்று கேட்க வேண்டும். நம்பிச் சாப்பிட வேகவைத்த பெரிய சோளமும் பாலாடைக்கட்டியும், அவித்த உருளைக்கிழங்கு, பழங்கள். சீனச் சாப்பாட்டுக் கடைகளில் கறி இல்லாமல் வறுத்த சோறு போட்டுத் தருவார்கள்.

பதில் 2 (மறுபடியும்)

ஊசி விஷயம் நன்றாகக் கவனியுங்கள். நீங்கள் போகும் லிமா, குஸ்கோ, மச்சு பிச்சு பகுதிகளுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவையென்று மருத்துவர்கள் சொல்வதில்லை. காட்டுப்பகுதிக்குத்தான் சொல்வார்கள். ஆனால் திரும்பும்போது இந்தியா ஊரைப் பார்ப்பதில்லை, நாட்டைப் பார்க்கிறது. பெருவை விட்டுக் கிளம்பி ஆறு நாளுக்குள் மஞ்சள் அட்டை (ஊசி போட்டதற்கான சான்றிதழ்) இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம்.

நீங்களும் அம்மாவும் போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். முன்பதிவும் பாஸ்போர்ட்டும் வேண்டும். அட்டை செல்லத் தொடங்குவது ஊசி போட்டுப் பத்து நாள் கழித்து, பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். முட்டை ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அப்பாவுக்கு அவசரப்பட்டுப் போடாதீர்கள். இது உயிருள்ள கிருமியில் செய்த தடுப்பூசி. முதல்முறை போடும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மருத்துவர் வேண்டாம் என்றால், விலக்குக் கடிதத்தை நம்பி நேராகச் சென்னை வராமல், திரும்பும் வழியில் அமெரிக்காவில் ஏழு நாள் தங்கிவிட்டு வாருங்கள். கணக்கு பெருவை விட்ட நாளிலிருந்து ஓடுவதால் ஆறு நாள் அங்கேயே கழிந்துவிடும். அமெரிக்காவில் நுழைந்த முத்திரையையும் லிமா விமானத்தின் போர்டிங் பாஸையும் பத்திரமாக வைத்திருங்கள், சென்னையில் சுகாதார அதிகாரி கேட்டால் தேதியைக் காட்ட அதுதான் சான்று. திரும்பும் விமானச் சீட்டை இன்னும் வாங்கவில்லை என்றால், முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.