பாக்கெட்டுக்குள் அடங்கும் கைத்துப்பாக்கி: சின்ன ஆட்டோவா, ரிவால்வரா?

மளிகைக்கடை_டல்லாஸ்:

டல்லாஸுக்கு வடக்கே நானும் மனைவியும் மளிகைக் கடை நடத்துகிறோம். க்ரீன் கார்டு இருக்கிறது. இரவு கடையை அடைத்துவிட்டுக் கல்லாப் பணத்தோடு கார் வரைக்கும் நடக்கும் தூரம்தான் கவலை. அதே வளாகத்தில் கடை வைத்திருக்கும் ஒருவரைச் சமீபத்தில் வாசலிலேயே மடக்கிப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கைத்துப்பாக்கி வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். டெக்சாஸ் வெயிலில் டி-ஷர்ட்டும் மெல்லிய பேண்ட்டும்தான் போட முடிகிறது, இடுப்பில் வைத்தால் துருத்திக்கொண்டு தெரியும். அதனால் முன் பாக்கெட்டில் அடங்க வேண்டும்.

பார்த்து வைத்திருப்பவை இரண்டு: ரூகர் எல்சிபி மேக்ஸ் என்ற சின்ன ஆட்டோ, அதாவது சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை (.380 தோட்டா); ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வர், அதாவது சுழலும் சிலிண்டரில் தோட்டா வைக்கும் வகை (.38 ஸ்பெஷல் தோட்டா). அமுக்கினால் வெடிக்க வேண்டும், அமுக்காதபோது வெடிக்கவே கூடாது. அழகு, விலை எல்லாம் பிறகு. ஒருவேளை மனைவியும் அதையே எடுக்க நேரலாம், அவருக்கு விரல் மூட்டு வலி உண்டு. வீட்டில் இரண்டு பிள்ளைகள், மூத்தவனுக்கு 14 வயது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழையசக்கரம்:

642. யோசிக்கவே வேண்டாம்.

1950-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி ஜே-ஃப்ரேம் என்ற சின்ன உடம்பு கொண்ட முதல் ஐந்து குண்டு ரிவால்வரை வெளியிட்டது. அந்தக் குடும்பம் இன்றுவரை விற்பனையில் இருக்கக் காரணம் உண்டு. 642-இல் தோட்டாவை அடிக்கும் சுத்தியல் துப்பாக்கி உடம்புக்குள்ளேயே மறைந்திருக்கிறது, பாக்கெட் துணியில் மாட்ட வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. ஆட்டோவின் மேல்பாகமாகப் பின்னும் முன்னும் ஓடும் ஸ்லைடு இதில் இல்லாததால் இழுத்து லோடு செய்யும் வேலையும் இல்லை. ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் மறுபடி ட்ரிகரை அமுக்குங்கள், சிலிண்டர் சுழன்று அடுத்த தோட்டா வந்துவிடும். ஆட்டோவில் அப்படி நடந்தால் பிடிக்குள் தோட்டாக்கள் இருக்கும் மேகசினைத் தட்டி, ஸ்லைடை இழுத்து, பழைய தோட்டாவை வெளியே தள்ள வேண்டும். இருட்டில், நெஞ்சு படபடக்கும்போது, ஒரு கையில் பணப்பையோடு இதெல்லாம் நடக்குமா?

நெருக்கடியில் கோட்டுப் பாக்கெட்டுக்குள் இருந்தபடியே ஐந்து குண்டும் சுடலாம். சின்ன ஆட்டோவை அப்படிச் சுட்டால் முதல் குண்டோடு ஸ்லைடு துணியில் சிக்க வாய்ப்பு அதிகம்.

ரேஞ்ச்_குமரன்:

//642. யோசிக்கவே வேண்டாம்.//

யோசிக்கத்தான் வேண்டும் அண்ணா. அவர் மனைவிக்கு மூட்டு வலி என்று எழுதியிருக்கிறார். 642-இன் ட்ரிகர் இழுவை ஏறக்குறைய 12 பவுண்டு. காலித் துப்பாக்கியின் எடையோ 408 கிராம்தான். தன் எடையைப் போலப் பதின்மடங்குக்கும் மேலான விசையை ஒரே விரலால் கொடுக்கும்போது குழல் இடமும் வலமும் ஆடாமல் வைத்திருக்கப் பல மாதப் பயிற்சி வேண்டும். குறி பார்க்க முன்னால் ஒரு சின்ன முனையும் மேலே ஒரு பள்ளமும் மட்டும். .38 ஸ்பெஷல் குண்டின் உதையும் அந்த லேசான உடம்பில் உள்ளங்கையை அறைகிறது. வலிக்கிற துப்பாக்கியை யாரும் ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சி இடத்துக்கு) எடுத்துப் போக மாட்டார்கள்.

எல்சிபி மேக்ஸ் 300 கிராம், 10+1 தோட்டா (மேகசினில் 10, குழலில் 1), உடம்பு மணிபர்ஸ் மாதிரித் தட்டை. 642-இன் சிலிண்டர் பாக்கெட்டில் உருண்டையாகப் புடைக்கும். மேக்ஸின் உள்ளமைப்பு லாக்டு-ப்ரீச். சுடும்போது குழலும் ஸ்லைடும் கணநேரம் பூட்டிக்கொண்டு நகர்வதால் ஸ்ப்ரிங் ரொம்பக் கடினமாக இருக்கத் தேவையில்லை. வால்தர் பிபிகே மாதிரி பழைய .380-களில் அந்தப் பூட்டு கிடையாது, ஸ்ப்ரிங்கின் பலத்தாலேயே எல்லாம் நடக்க வேண்டும், அதனால் ஸ்லைடை இழுக்க விரல் வலிக்கும். ".380 என்றாலே இழுக்கக் கஷ்டம்" என்பவர்கள் அந்தப் பழைய வகையை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

ரிவால்வர் நிற்கவே நிற்காது என்பதும் பாதி உண்மைதான். லேசான ரிவால்வரில் உதை தாங்காமல் அடுத்த தோட்டாக்களின் ஈயமுனை கேஸை (உலோகக் கூட்டை) விட்டு முன்னே நகர்ந்து சிலிண்டரைச் சுழல விடாமல் தடுக்கும். காலிக் கேஸ்களை வெளியே தள்ளும் கம்பியான எஜெக்டர் ராட் கழன்றாலும் அதே கதி. ஆட்டோ நின்றால் இரண்டு நொடியில் சரிசெய்யலாம், ரிவால்வர் நின்றால் பெரும்பாலும் மேசையில் வைத்துக் கருவி எடுக்க வேண்டும்.

தேன்மொழி_ஹூஸ்டன்:

வார இறுதிகளில் பெண்களுக்குச் சுடக் கற்றுக் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இருவரும் துப்பாக்கியைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். சின்ன ஆட்டோ நம்பகமானதா என்பதில் பாதி அதைப் பிடித்திருக்கிற கையில் இருக்கிறது. மணிக்கட்டு தளர்ந்தால் துப்பாக்கியின் உடம்பும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போகும். ஸ்லைடு முழுத் தூரம் ஓடாமல் காலிக் கேஸ் வாயிலேயே மாட்டிக்கொள்ளும். துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவுக்கு இந்தத் தொல்லை. எனவே எல்சிபி மேக்ஸ் குமரன் சார் கையில் ஓடுகிற மாதிரியே அந்த அக்கா கையிலும் ஓடும் என்று எழுதிக் கொடுக்க முடியாது.

இரண்டாவது, தோட்டா. 1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்.பி.ஐ. ஏஜென்டுகள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். அவர்கள் சுட்ட ஒரு 9 மி.மீ. குண்டு எதிராளியின் கையைத் துளைத்து மார்புக்குள் போய் இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அவன் அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டிருந்தான். அதிலிருந்து வந்ததுதான், உடல் தசைக்கு ஈடாக வைக்கும் ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் வரை குண்டு இறங்க வேண்டும் என்ற அளவுகோல். மூன்று அங்குலத்துக்கும் குறைவான குழலிலிருந்து வரும் .380 ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி உள்ள, பட்டதும் விரியும் குண்டு) பல நேரம் ஒன்றில் தவறுகிறது: விரிந்தால் 12 அங்குலத்துக்கு முன்பே நின்றுவிடும், விரியாவிட்டால் சாதாரணக் குண்டு போல ஆழமாய்ப் போகும். கனத்த துணி குறுக்கே வந்தால் வாய் அடைத்துக்கொண்டு விரிவதே இல்லை. என்ன தோட்டா போடப் போகிறார் என்று நீங்கள் இருவரும் கேட்கவே இல்லை.

என் பரிந்துரை சிக் பி365 என்ற ஆட்டோ. 2018-ல் வந்தது, 9 மி.மீ., 10+1, சுமார் 505 கிராம். வந்த புதிதில் தோட்டாவை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் உடைகிறது என்று புகார்கள் எழுந்தன, பிறகு சரிசெய்தார்கள். பாக்கெட்டில் வைக்கப் பெரிதுதான். தளர்வான சட்டை போட்டு இடுப்பில் வைக்கலாம்.

பழையசக்கரம்:

தேன்மொழி மேடம், தோட்டாப் பேச்சு சரி. அதற்கும் .38-இல் விடை இருக்கிறது: 148 கிரெய்ன் எடையுள்ள வாட்கட்டர் குண்டு. முனை தட்டையாக இருக்கும், விரிய வேண்டிய அவசியமே இல்லை, நேராகத் துளைத்துக்கொண்டு போகும். உதையும் சாதாரண .38-ஐ விடக் குறைவு. குமரன் தம்பி சொன்ன உள்ளங்கை வலிக்கு அதுவே பாதி மருந்து. குறை ஒன்று உண்டு. தட்டை முனை என்பதால் அவசரத்தில் சிலிண்டருக்குள் நுழைக்கத் தடுமாறும். மறுபடி லோடு செய்யும்போது வேறு தோட்டா வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இடுப்புக்கு மாற்றச் சொல்வதை ஏற்க மாட்டேன். கடை வாசலிலிருந்து கார் வரைக்கும் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டு, பிடியைப் பிடித்தபடியே நடக்கலாம். பார்ப்பவருக்கு ஒரு மனிதன் பாக்கெட்டில் கை வைத்திருக்கிறான், அவ்வளவுதான். இடுப்பில் இருப்பதைத் தொட்டால் சட்டையைத் தூக்க வேண்டும், மிரட்டிய குற்றமாகக்கூட ஆகலாம். அவருடைய ஆபத்து அந்த நடைதூரத்தில் இருக்கிறது. அதற்குப் பாக்கெட்டை விடச் சிறந்த இடம் கிடையாது.

தேன்மொழி_ஹூஸ்டன்:

நடக்கும்போது சரி. கார் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகு முன் பாக்கெட்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். தொடை மடிப்பில் துணி இறுகி, பிடித்த முஷ்டி வெளியே வராது. கதவைச் சாத்தும் நேரத்தில்தான் பலரை மடக்குகிறார்கள்.

வன்னிமகன்:

நான் டொராண்டோவில இருந்து எழுதுறன். இஞ்ச 2022 அக்டோபர் 21-க்குப் பிறகு சாதாரண ஆக்கள் கைத்துவக்கு வாங்கவோ விக்கவோ ஏலாது. அதால ஒண்டும் தெரியாமல் கதைக்கிறன் எண்டு நினைக்காதேங்கோ. துவக்குகளுக்கு நடுவில வளந்தவன் நான்.

அண்ணை, கொள்ளைக்காரன் வந்தால் காசுப் பையைக் குடுத்திட்டு வீட்ட வாங்கோ. அந்தக் காசைத் திரும்ப உழைக்கலாம். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுறது தான் உங்கட பிரச்சினை. நேரத்தை மாத்துங்கோ, பகலில வங்கியில போடுங்கோ, கார்ட் வாங்குற மெசின் வையுங்கோ, வாசலில வெளிச்சம் போடுங்கோ. அமெரிக்காவில துவக்கால சாகிற ஆக்களில பாதிக்கு மேல தற்கொலை. 14 வயசுப் பெடியன் இருக்கிற வீட்டுக்குள்ள அதைக் கொண்டு போறியள். எந்தத் துவக்கு நம்பிக்கையானது எண்டு மூண்டு பேர் சண்டை பிடிக்கிறியள். அந்தப் பெடியனை ஒருத்தரும் யோசிக்கேல்லை.

ரேஞ்ச்_குமரன்:

வன்னிமகன் அண்ணா, பணத்தைக் கொடுத்துவிடச் சொல்வது சரி, நானும் அதையே சொல்வேன். ஆனால் பணத்தைக் கொடுத்த பிறகும் சுட்டுவிட்டுப் போகிறவன் இருக்கிறான். துப்பாக்கி அந்த ஒரு நிலைமைக்கு மட்டும்தான். நேரத்தை மாற்றுவது, வெளிச்சம் போடுவது எல்லாம் துப்பாக்கி இருந்தாலும் செய்ய வேண்டியவை.

பிள்ளை விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கைக்கு எட்டும்படி லோடு செய்த துப்பாக்கியை அசட்டையாக விட்டுவைத்து அவர் அதை எடுத்துவிட்டால், வைத்தவர் மேல் வழக்கு வரும். வீட்டுக்குள் நுழைந்ததும் பாக்கெட்டிலிருந்து நேராகப் பெட்டகத்துக்குப் போக வேண்டும். பீரோ மேல்தட்டு, தலையணைக்கு அடி, காரின் கதவறை எதுவும் கூடாது.

வன்னிமகன்:

ஒவ்வொரு இரவும் களைச்சுப் போய் வாற மனுசன் ஒரு நாளும் மறக்காமல் பெட்டகத்தில வைப்பார் எண்டு உங்களால சொல்ல ஏலுமோ? என்னால ஏலாது.

மளிகைக்கடை_டல்லாஸ்:

வன்னிமகன் ஐயா, நீங்கள் சொன்னதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். பெட்டகம் முதலில், துப்பாக்கி பிறகு என்று அவரும் சொல்கிறார். வங்கி நேரத்தை மாற்றவும் ஏற்பாடு செய்கிறேன். ஆனாலும் வாங்கத்தான் போகிறேன்.

எல்சிபி மேக்ஸில் சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையை) காலியாக வைத்துக்கொண்டு தேவைப்படும்போது ஸ்லைடை இழுக்கலாமா? பாக்கெட்டில் குண்டேறிய துப்பாக்கி என்பது பயமாக இருக்கிறது.

ரேஞ்ச்_குமரன்:

பயம் நியாயமானது. 2008-ல் முதல் எல்சிபி வந்தபோது, சேம்பரில் குண்டோடு கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்று ரூகர் கம்பெனியே அக்டோபரில் திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. பிறகு 2016-ல் எல்சிபி 2, 2021-ல் மேக்ஸ். இப்போது மேக்ஸிலேயே கட்டைவிரல் சேஃப்டி வைத்த மாடலும் கிடைக்கிறது, பயம் இருப்பவர் அதை எடுக்கலாம். சேம்பரைக் காலியாக வைத்தால் இரண்டு கையும் வேண்டும், உங்கள் ஒரு கையில் பை இருக்கும்.

பாக்கெட்டில் தானாக வெடித்ததாக வரும் செய்திகளைப் பாருங்கள், பெரும்பாலும் ட்ரிகரில் ஏதோ மாட்டியிருக்கும். அதனால் ட்ரிகரை முழுக்க மூடும் பாக்கெட் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) இல்லாமல் வைக்கவே கூடாது. வெளிப்பக்கம் சொரசொரப்பாக இருந்தால், துப்பாக்கியை எடுக்கும்போது ஹோல்ஸ்டர் பாக்கெட்டிலேயே தங்கிவிடும். அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை, பேனா எதுவும் கூடாது. திரும்ப உள்ளே வைக்கும்போது ஹோல்ஸ்டரை வெளியே எடுத்து, துப்பாக்கியை அதில் செருகி, இரண்டையும் சேர்த்துப் பாக்கெட்டில் விடுங்கள்.

பழையசக்கரம்:

12 பவுண்டு இழுவையைக் குறை என்றீர்களே தம்பி, பாக்கெட்டுக்குள் அதுவே சேஃப்டி. இவ்வளவு சட்டதிட்டமும் மறந்துபோகிற ஒரு நாளில் எது மன்னிக்கும் என்று பாருங்கள்.

புதுவரவு_ஆஸ்டின்:

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் லைசென்ஸ் இல்லாமலே மறைத்து வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நானும் வாங்கலாமா?

தேன்மொழி_ஹூஸ்டன்:

தம்பி, அவசரப்பட வேண்டாம். அந்த மாநிலச் சட்டம் ஃபெடரல் சட்டத்தை மாற்றாது. எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. அதை நம்பி இறங்குவதற்கு முன் வக்கீலிடம் கேளுங்கள், உங்கள் விசாவே போய்விடக்கூடும். க்ரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை.

கடைக்கார அண்ணா, நீங்களும் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது என்பது ஃபெடரல் சட்டம். மாநில லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடுகிறவருக்கு இது தினப்படி விஷயம். வாசலில் 30.06 என்ற பலகை இருந்தால் லைசென்ஸ் இருந்தாலும் உள்ளே கொண்டுபோகக் கூடாது.

ஊருக்குப் போகும்போதும் கவனம். ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பையைச் சென்னைப் பயணத்துக்குத் தொடாதீர்கள். மூலையில் ஒரு தோட்டா கிடந்தாலும் இந்திய விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடுவார்கள்.

மளிகைக்கடை_டல்லாஸ்:

நன்றிம்மா. ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சில் 642, மேக்ஸ், பி365 மூன்றையும் வாடகைக்கு எடுத்து மனைவியையே முதலில் சுடச் சொல்லப் போகிறேன். அவர் கையில் எது நிற்கிறதோ அது. வாங்கிய பிறகு எத்தனை குண்டு சுட்டால் நம்பலாம்?

ரேஞ்ச்_குமரன்:

ஆட்டோ என்றால் 200, அதில் நீங்கள் பாக்கெட்டில் வைக்கப்போகும் அதே ஹாலோ பாயிண்ட் குறைந்தது 50. இடையில் ஒருமுறை நின்றாலும் காரணம் கண்டுபிடித்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள். மாதம் ஒருமுறை பாக்கெட் பஞ்சை ஊதித் துடைத்துவிடுங்கள். தினமும் இறக்கி ஏற்றும்போது அதே தோட்டாவையே சேம்பரில் போடாதீர்கள், முனை கேஸுக்குள் அமுங்கித் தோட்டாவின் மொத்த நீளம் குறைந்துவிடும், சுடும்போது அழுத்தம் எகிறும்.

பழையசக்கரம்:

642 என்றால் 50 போதும். பஞ்சும் பெரிய பிரச்சினை இல்லை, சேம்பரில் அமுங்குவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாட்கட்டர் ஒரு பெட்டி கேட்டு வாங்கி அம்மாவுக்குக் கொடுங்கள், மற்ற .38-ஐக் கொடுத்து அவரைப் பயமுறுத்திவிடாதீர்கள்.

வன்னிமகன்:

பெட்டகத்தைச் சனிக்கிழமையே வாங்கிப் பூட்டிப் பாருங்கோ அண்ணை. சாவியோ நம்பரோ, பெடியனுக்குத் தெரியக் கூடாது.