இறைச்சிக்கடைப் பலகைக்குப் பின்னே ஒரு மதுக்கூடம்: நியூட்டவுன் அனுபவங்கள்

வென்ட்வொர்த்வில்வாசி:

சிட்னி நியூட்டவுனின் கிங் தெருவில் 407 ஆம் எண் கட்டடத்தின் முகப்பில் ‘பெட்டா மீட்ஸ்’ என்ற பழைய இறைச்சிக்கடையின் பெயர்தான் கண்ணில் படும். அந்தக் கதவைத் திறந்தால் உள்ளே 2013 இல் தொடங்கப்பட்ட ‘எர்ல்ஸ் ஜூக் ஜாயிண்ட்’ என்ற மதுக்கூடம் இருக்கிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் வேலை முடிந்து கூடிக் குடித்து ஆடிய எளிய கொட்டகைகளுக்கு ஜூக் ஜாயிண்ட் என்று பெயர். எர்ல் என்பவர் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த டிரம்ஸ் கலைஞர் எர்ல் பால்மர். ராக் அண்ட் ரோல் இசையின் தொடக்க காலப் பதிவுகள் பலவற்றில் ஒலிப்பது அவருடைய தாளம்தான்.

மதுரையிலிருந்து வந்திருந்த என் மைத்துனரை ஒரு வெள்ளிக்கிழமை மாலை அங்கே அழைத்துச் சென்றேன். நியூட்டவுன் ரயில் நிலையத்தில் இறங்கி, மார்ட்டின் லூதர் கிங்கின் முகம் தீட்டப்பட்ட அந்தப் புகழ்பெற்ற சுவரோவியத்தைப் பார்த்துவிட்டு, பழைய புத்தகக் கடைகளையும் தாய்லாந்து உணவகங்களையும் பச்சை குத்தும் நிலையங்களையும் கடந்து தெற்கே நடந்தோம். அந்தப் பலகையின் முன் நான் நின்றதும், “மச்சான், கறிக்கடை பூட்டிக் கிடக்குது போலயே” என்றார் அவர். பதில் சொல்லாமல் கதவைத் தள்ளினேன்.

முகப்பைப் பார்த்து வருகிறவர்கள் உள்ளேயும் ஏதோ கோமாளித்தனம் நடக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதை மறுப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். விசித்திரம் வாசலோடு சரி. அதற்கு அப்பால் நடப்பது கண்டிப்பான கைத்தொழில். நாங்கள் மது கலக்கும் மேடைக்கு எதிரே உயரமான நாற்காலிகளில் அமர்ந்ததும், கேட்காமலே இரண்டு குவளைத் தண்ணீர் வந்தது. அதன் பிறகுதான் என்ன வேண்டும் என்று விசாரித்தார்கள். நியூ ஆர்லியன்ஸின் பெயர் சொல்லும் இடத்தில் வேறு எதைக் கேட்பது? அந்த ஊரின் காக்டெயிலான சாசெரக் என்றேன்.

அதைச் செய்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பார்டெண்டர் முதலில் ஒரு சிறிய கண்ணாடிக் குவளையில் பனிக்கட்டியை நிரப்பிக் குளிர ஒதுக்கி வைத்தார். கலக்கும் பாத்திரத்தில் சர்க்கரைப்பாகு, பேஷோஸ் பிட்டர்ஸ் என்னும் செந்நிறக் கசப்புச்சாறு சில சொட்டு, ரை என்ற தானியத்தில் வடித்த விஸ்கி ஆகியவற்றை அளந்து ஊற்றிப் பனிக்கட்டியோடு நீண்ட கரண்டியால் சுழற்றினார். அந்தக் கரண்டி பாத்திரத்தின் உட்சுவரை ஒட்டியே ஓடியதால் பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று மோதும் ஓசையே எழவில்லை. பிறகு ஒதுக்கி வைத்த குவளையைக் காலி செய்து, சோம்பு மணக்கும் அப்சிந்த் என்ற மதுவைச் சிறிதளவு விட்டு, உள்சுவர் முழுவதும் படியும்படி உருட்டி, மிச்சத்தை அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டார். “காசு போட்டு வாங்குனத கீழ ஊத்துறாரே” என்று மைத்துனர் பதறினார். மணம் மட்டும் தங்கினால் போதும் என்பதுதான் அதன் கணக்கு. இறுதியில் கலவையை வடித்து ஊற்றி, எலுமிச்சைத் தோலின் ஒரு சீவலைக் குவளையின் மேல் முறுக்கிப் பிழிந்தார். விளக்கொளியில் அந்த எண்ணெய் நுண்துளிகளாகத் தெறித்து மேற்பரப்பில் பரவியதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

இந்தப் பானத்தின் வரலாறு ஒரு பயிர்நோயின் வரலாறும்கூட. ஹைட்டியிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தில் வந்து நியூ ஆர்லியன்ஸில் மருந்துக்கடை வைத்திருந்த ஆன்ட்வான் பேஷோ என்பவர் 19 ஆம் நூற்றாண்டில் தயாரித்த வயிற்று மருந்துதான் அந்தச் செந்நிறக் கசப்பு. அன்று அதைப் பிரெஞ்சு பிராந்தியில்தான் கலந்தார்கள். பிறகு பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை ஃபிலாக்ஸெரா என்னும் பூச்சி அழித்துப் பிராந்தி கிடைப்பது அரிதானபோது, உள்ளூர் ரை விஸ்கி அந்த இடத்தைப் பிடித்தது. 1912 இல் அமெரிக்கா அப்சிந்தைத் தடை செய்ததால் அதற்கும் மாற்றுத் தேட வேண்டியதாயிற்று. அந்தத் தடை 2007 இல்தான் தளர்ந்தது. மறு ஆண்டே லூசியானா சட்டமன்றம் சாசெரக்கை நியூ ஆர்லியன்ஸின் அதிகாரபூர்வக் காக்டெயிலாக அறிவித்தது. ஒரு சட்டமன்றம் இதற்கெல்லாம் நேரம் ஒதுக்கியிருக்கிறது என்பதை மைத்துனர் நம்பவே மறுத்தார்.

குடித்தபோது முதலில் சோம்பும் எலுமிச்சையும் மூக்கில் ஏறின. நாக்கில் மிளகு போன்ற காரம். கடைசியில் மெல்லிய கசப்பு. விலை இருபது டாலருக்கு மேல்தான், மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த ஒரே குவளையோடு நாங்கள் பேசிக்கொண்டிருந்தும் எவரும் முகம் சுளிக்கவில்லை.

சைவப்பட்சி:

வென்ட்வொர்த்வில் அண்ணாவின் பதிவைப் படித்த பிறகு, மது அருந்தாதவளாகவும் சைவ உணவுக்காரியாகவும் இதே கிங் தெருவில் வேறொரு மதுக்கூடத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லத் தோன்றுகிறது. அலுவலகத் தோழியின் பிறந்தநாளுக்காகப் போயிருந்தோம். பழைய தையல் இயந்திரங்களின் கால்களே மேசைகளாகவும், சிறுவயதில் பாட்டி வீட்டில் பார்த்த மாதிரியான மணிவிளிம்பு விளக்குகள் கூரையிலிருந்து தொங்குவதாகவும் இருந்தது அந்த இடம்.

தோழி கேட்டது ராமோஸ் ஜின் ஃபிஸ். 1888 இல் நியூ ஆர்லியன்ஸில் ஹென்றி ராமோஸ் உருவாக்கிய இந்தப் பானத்தில் ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, பாலேடு, ஆரஞ்சுப்பூப் பன்னீர் ஆகியவற்றோடு முட்டையின் வெள்ளைக்கருவும் சேரும். நீண்ட நேரம் குலுக்கினால்தான் நுரை எழும் என்பதால் ராமோஸ் தம் கடையில் குலுக்குவதற்கென்றே பையன்களை வரிசையாக நிறுத்தியிருந்தாராம். எங்கள் பார்டெண்டரும் தோள் வலிக்கக் குலுக்கினார். சோடாவை மெல்ல ஊற்றியதும் நுரை குவளையின் விளிம்பைத் தாண்டி ஓர் அங்குலம் நிமிர்ந்து நின்றது, அது சரியவில்லை.

எனக்கும் அப்படியொரு நுரை வேண்டும், ஆனால் மதுவும் முட்டையும் கூடாது என்றேன். அவர் சற்றும் தயங்காமல் குளிர்பெட்டியிலிருந்து ஒரு புட்டியை எடுத்தார். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர்! நம் வீடுகளில் சுண்டல் செய்துவிட்டு வடித்துக் கொட்டும் அதே தண்ணீர். அதில் உள்ள புரதமும் மாவுப்பொருளும் குலுக்கும்போது காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால் முட்டை இல்லாமலே நுரை நிற்கிறது. பேஷன் பழச் சாறும் எலுமிச்சையும் ஏலக்காய்ப் பாகும் சேர்த்து அவர் செய்து தந்ததில் கடலையின் வாடை துளியும் இல்லை. அன்றிலிருந்து வீட்டில் சுண்டல் தண்ணீரைக் கொட்டுவதில்லை. என் மாமியாருக்குக் காரணம் சொல்லத்தான் இன்னும் வழி தெரியவில்லை.

மது தொடாத சகோதரிகளுக்கு ஒரு தகவல். ஆஸ்திரேலியாவில் ‘லெமன், லைம் அண்ட் பிட்டர்ஸ்’ என்பதைக் குளிர்பானமாகவே கருதிக் குழந்தைகளுக்குக்கூட வாங்கித் தருகிறார்கள். அதில் விடும் அங்கோஸ்டுரா பிட்டர்ஸில் 44.7 விழுக்காடு ஆல்கஹால் உண்டு. சில சொட்டுகள்தாம் என்பதால் ஒரு குவளையில் சேர்வது மிகச் சொற்பம். ஆயினும் அறவே வேண்டாம் என்பவர்கள் பிட்டர்ஸ் இல்லாமல் கேட்டு வாங்குவதே நல்லது. கேட்டால் எவரும் ஏளனம் செய்வதில்லை. என் அனுபவத்தில், பானத்துக்குள் என்ன இருக்கிறது என்று விசாரிப்பவரைத்தான் நல்ல பார்டெண்டர்களுக்கு அதிகம் பிடிக்கிறது.

முன்னாள் பார் ஊழியன்:

சிட்னிப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது கிங் தெருவில் ஒரு சிறிய மதுக்கூடத்தில் இரவு வேலை பார்த்தவன் நான். ‘கண்டிப்பான கைத்தொழில்’ என்று மேலே எழுதப்பட்டிருப்பது முற்றிலும் உண்மை. ஆனால் மேடைக்கு உள்பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் பாதி சட்டத்துக்கும் உரியது.

இந்த மாதிரியான சின்னக் கூடங்கள் எப்போதும் இருந்தவை அல்ல. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2007 ஆம் ஆண்டின் மதுச் சட்டம் மறு ஆண்டு நடைமுறைக்கு வரும்வரை பெரிய பப்புகளின் ஆதிக்கம்தான். 2013 இல் அறுபது பேர் வரை அமரக்கூடிய கூடங்களுக்கெனத் தனி உரிமமே வந்தது. சூதாட்ட இயந்திரம் இல்லாத, பேச்சுக் காதில் விழக்கூடிய இடங்கள் அதற்குப் பிறகு பெருகின. 2014 பிப்ரவரியில் நகர மையத்திலும் கிங்ஸ் கிராஸிலும் இரவு 1.30 மணிக்கு மேல் புதிதாக எவரையும் உள்ளே விடக் கூடாது, 3 மணிக்கு மேல் மது வழங்கக் கூடாது என்ற தடை வந்தபோது, நியூட்டவுன் அந்த எல்லைக்கு வெளியே இருந்ததால் வார இறுதிக் கூட்டம் இங்கே திரும்பியது. பச்சைத் தலைமுடியோடும் பாவாடை அணிந்த ஆண்களோடும் பழகிய தெருவில் அவர்களை வம்புக்கு இழுக்கும் கும்பல்கள் முளைத்தன. மறு ஆண்டு இப்பகுதி மதுக்கூடங்கள் தாங்களே முன்வந்து சில கட்டுப்பாடுகளை ஏற்றுக்கொண்டன. வாசலில் நின்று ஆட்களை எடைபோடும் வேலை அந்த நாட்களில் என் தலையில் விழுந்தது. காக்டெயில் கலப்பதைவிட அது நூறு மடங்கு கடினம்.

வேலைக்குச் சேருமுன் பொறுப்போடு மது வழங்குவதற்கான பயிற்சியை முடித்துச் சான்று பெற்றிருக்க வேண்டும். போதை ஏறியவருக்கு ஊற்றிக் கொடுத்தால் ஊழியருக்கும் தனிப்பட்ட முறையில் அபராதம் உண்டு. ஆகவேதான் ஜிகர் எனப்படும் இருமுனை அளவுக் கிண்ணத்தைக் கைவிட மாட்டோம். இங்கே ஒரு ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’ என்பது 10 கிராம் ஆல்கஹால். 40 விழுக்காடு கொண்ட சரக்கு 30 மில்லி ஏறத்தாழ அந்த அளவு. சாசெரக்கில் 60 மில்லி விழுவதால் ஒரு குவளையே இரண்டுக்குச் சமம். வாகனம் ஓட்டுபவரின் இரத்தத்தில் ஆல்கஹாலுக்கான எல்லை 0.05 விழுக்காடு, கற்றுக்கொள்பவருக்கும் தற்காலிக உரிமக்காரருக்கும் பூஜ்யம். சுவை இனிப்பாக இருப்பதால் கணக்குத் தவறுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஹோம்புஷ் தாத்தா:

தம்பிமார், தங்கைச்சி, நான் யாழ்ப்பாணத்துக்காரன். என் மகள் என்னை எழுபது வயதுக்கு மேல் என்மோர் சாலையில் ஒரு மதுக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். மூங்கிலும் தென்னோலையும் மரச்சிலைகளுமாகப் பசிபிக் தீவு வேடம் போட்ட இடம். குவளைகளுக்கெல்லாம் முகம் இருந்தது. எனக்கு வந்த குவளை என் பழைய கணக்கு வாத்தியாரைப் போலவே முறைத்தது.

புட்டிகளின் வரிசையில் இலங்கைத் தென்னஞ்சாராயம் நிற்பதைக் கண்டு வியந்து விசாரித்தேன். தென்னம்பாளையைச் சீவி இறக்கும் கள்ளைக் காய்ச்சி எடுப்பது, ஹல்மில்ல மரப்பீப்பாய்களில் முதிர வைப்பது என்று அந்த வெள்ளைக்காரப் பிள்ளை எனக்கே பாடம் நடத்தியது. ஊரில் எங்கள் பக்கம் பனைதான் அதிகம் என்பதால் தென்னையின் கதையை நானும் கவனமாகக் கேட்டேன். கிழக்கிந்தியக் கம்பனிக் காலத்தில் ஆசியாவுக்கு வந்த ஆங்கிலேய மாலுமிகள் சாராயத்தோடு எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், வாசனைச் சரக்கு சேர்த்துக் குடித்த ‘பஞ்ச்’ என்னும் கலவைதான் காக்டெயில்களுக்கு மூத்தது என்றும் சொன்னது.

அந்தச் சாராயத்தில் தேசிக்காயும் (எலுமிச்சை) சாதிக்காயும் சேர்த்து ஒன்று கலந்து தந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, இனிப்பு மட்டும் ஒரு கரண்டி குறைந்திருக்கலாம். அதைச் சொன்னபோது மனம் கோணாமல் வாங்கிப்போய் இன்னொரு பாதித் தேசிக்காயைப் பிழிந்து கொண்டுவந்தார்கள்.

வென்ட்வொர்த்வில்வாசி:

தாத்தா, அடுத்த முறை எங்களையும் அழையுங்கள். போக்குவரத்து பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: மேற்கிலிருந்து வருபவர்கள் ரெட்ஃபெர்னில் வண்டி மாறினால் அடுத்தடுத்து மெக்டொனால்ட் டவுன், நியூட்டவுன். பின்னிரவில் ரயில்கள் நின்றுவிடும்; அதன் பிறகு நைட்ரைடு பேருந்துகள்தாம், ஆகவே புறப்படும் முன்பே நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளி, சனிக்கிழமைகளில் ஏழு மணிக்குள் போனால் மேடைக்கு எதிரே இடம் கிடைக்க வாய்ப்புண்டு. கலப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் உட்கார வேண்டும்.