மேட்டு லயம் குடும்பக் குழு: ஹட்டனில் ஓர் அறை

சனிக்கிழமை

கவிதா, இரவு 8.10
எல்லோருக்கும் வணக்கம். லயத்தில் வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டி இருப்பதால், வீட்டுக்குள் வாய்விட்டுப் பேசினால் நடுச்சுவர் தாண்டி அடுத்த வீட்டுக் காம்பராவுக்குக் கேட்கும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். என்னோடு வேலை செய்யும் பிள்ளையும் நானுமாக ஹட்டனில் ஓர் அறை பார்த்திருக்கிறோம். ஒரு வீட்டின் மேல்மாடி. சமைக்க இடம் இருக்கிறது, குளியலறை தனியாக இருக்கிறது. வீட்டுக்கார அம்மா கீழே குடியிருக்கிறார். வாடகையில் என் பங்கு 9,000 ரூபாய். அடுத்த மாதம் முதலாம் திகதி போக நினைக்கிறேன்.

மணி மாமா, 8.12
கல்யாணம் ஆகாத பிள்ளை தனியாக அறை எடுப்பதா? அப்பாவிடம் கேட்டாயா?

கவிதா, 8.13
அப்பாவும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார், மாமா. இப்போது வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறார். சொல்லி மூன்று நாளாகிவிட்டது. இன்னும் பதில் சொல்லவில்லை.

மணி மாமா, 8.16
நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று கேட்பார்கள். ஹட்டனில் அறை எடுத்து இருக்கிறாள் என்று உன் அம்மா எந்த முகத்தோடு சொல்வாள்? போகவந்தலாவையிலிருந்து தினமும் எத்தனை பேர் ஹட்டனுக்குப் போய் வருகிறார்கள். நீயும் இரண்டு வருடமாகப் போய் வருகிறாய்தானே?

கவிதா, 8.31
போய் வருகிறேன், மாமா. எப்படி என்று எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

நாலரைக்கு எழும்புகிறேன். பீலியில் தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, சந்திக்கு இறங்கினால் முதல் பஸ். மாலையில் வேலை முடிந்து, நின்றபடியே டிக்கோயா, நோர்வூட் எல்லாம் கடந்து சந்தியில் இறங்கும்போது ஏழரை தாண்டிவிடும். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர், தேயிலை மலை நடுவே, ஒரு விளக்கும் இல்லாத பாதை. போன ஆடியில் பணிய லயத்து நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து அப்பா டார்ச் எடுத்துக்கொண்டு சந்திக்கு வருகிறார். மழை பெய்தாலும் வருகிறார். இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். பஸ் பிந்தினால் மூடிய கடைத் திண்ணையில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருக்கிறார்.

பஸ்ஸுக்கு மட்டும் மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் போகிறது. அதை விடுங்கள். 25 வயதில் நான் படுப்பது அடுப்படியில். அண்ணன் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வரும்போது அல்ல, மாமா. குழந்தை பிறந்த நாளிலிருந்தே அப்படித்தான். வெள்ளைக்காரன் காலத்துக் காம்பரா, பத்தடிக்குப் பன்னிரண்டடி. குறுக்கே அம்மாவின் பழைய சேலை. அந்தப் பக்கம் மதினியும் குழந்தையும். இந்தப் பக்கம் அம்மாவும் அப்பாவும். கணக்கியல் பரீட்சைக்கு நான் படித்ததெல்லாம் அடுப்பு அணைந்த பிறகு. இன்னும் இரண்டு நிலைப் பரீட்சை மீதம் இருக்கிறது.

ரதி மதினி, 8.36
அவள் எழுதியது அத்தனையும் உண்மை. இரவில் குழந்தை அழுதால் நான் முதலில் நினைப்பது குழந்தையை அல்ல, இவள் விடிய வேலைக்குப் போக வேண்டுமே என்று.

செல்வி சித்தி (வவுனியா), 8.40
கவிதா, அம்மா என்ன சொல்கிறாள்?

கவிதா, 8.44
அம்மாவுக்குப் பயம் என்னைப் பற்றி மட்டும் இல்லை, சித்தி. வீட்டைப் பற்றி. தோட்ட வேலையிலிருந்து அம்மா ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருக்கிறது. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் காம்பரா நிலைக்கும் என்று இங்கே எல்லோருக்கும் மனதில் பதிந்துபோயிருக்கிறது. போன மாதம் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்திலும் யாரோ அதையே சொல்லியிருக்கிறார்கள். அன்றிரவு அம்மா, “நீ பேர் பதிந்தால் வீடு நிற்கும்” என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

பிரகாஷ் அண்ணன் (கொழும்பு), 9.05
கடை இப்போதுதான் அடைத்தேன். எல்லாவற்றையும் வாசித்தேன்.

மாமா, கோபப்படாமல் கேளுங்கள். எனக்குப் பதினாறு வயதில் நீங்கள்தான் என்னை ரயில் கோச்சியில் ஏற்றிக் கொழும்பு புறக்கோட்டைக்கு அனுப்பினீர்கள். கடை மேல்மாடியில் ஒன்பது பேர், ஒரு மின்விசிறி. தலையணைக்குப் பதில் அரிசிச் சாக்கு. அப்போது யாரும் என் கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. பையன் பிழைக்கப் போகிறான் என்று அம்மா திருநீறு பூசி அனுப்பினார். தங்கச்சி படித்து, சம்பளம் வாங்கி, பூட்டுப் போடக்கூடிய ஓர் அறைக்குப் போகிறேன் என்கிறாள். அதற்கு மட்டும் ஏன் இத்தனை கேள்வி?

தங்கச்சி, உனக்கும் ஒன்று. தனியாக இருப்பது லேசு இல்லை. காய்ச்சல் வந்தால் ஒரு கோப்பை கொத்தமல்லித் தண்ணீர் வைத்துத் தர ஆள் இருக்காது. முதல் மூன்று மாதம் நான் அழாத இரவு கிடையாது. அதையும் தெரிந்துகொண்டு போ.

மணி மாமா, 9.11
ஆம்பிளைப் பிள்ளையையும் பொம்பிளைப் பிள்ளையையும் ஒன்றாக வைத்துப் பேசாதே. நான் கெட்டது நினைத்துச் சொல்லவில்லை. ஒவ்வொருவராகப் போனால் கடைசியில் கிழடுகள் இரண்டும் அந்தக் காம்பராவில் தனியாகக் கிடக்கும். அதை நினைத்துத்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

செல்வி சித்தி, 9.20
அண்ணன் பயப்படுவது நியாயம். ஆனால் கூரை ஒன்று என்பதாலேயே கவனிப்பு வந்துவிடாது. என் மகன் என்னோடுதான் இருக்கிறான். இரவு பத்து மணிக்கு வருகிறான், சாப்பிடுகிறான், போனைப் பார்த்தபடியே தூங்கிவிடுகிறான். ஒரு வாரத்தில் என்னிடம் அவன் பேசும் வார்த்தைகளை எண்ணிவிடலாம்.

2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக் கூடாது, பராமரிக்க வேண்டும் என்கிறது. ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும் என்று அதில் இல்லை. பார்த்துக்கொள்வது வேறு, பக்கத்தில் படுப்பது வேறு.

கவிதா, 9.24
வீட்டுக்கு மாதம் 15,000 கொடுக்கிறேன். அது ஒரு ரூபாயும் குறையாது. சனி இரவு வந்து ஞாயிறு மாலை போவேன். அம்மாவுக்கு மருந்து எடுக்கும் நாளில் லீவு போட்டு நானே கூட்டிப் போவேன். இதெல்லாம் ஏற்கெனவே முடிவு செய்ததுதான்.

பேர் பதிவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொழுந்து பறிப்பதை நான் தாழ்வாக நினைக்கவில்லை. நான் படித்ததே அம்மாவின் கூடையில்தான். ஆனால் காம்பராவைக் காப்பாற்ற ஓர் ஆள் மலையில் நிற்க வேண்டும் என்றால், அது நமது குடும்பத்துக்கு யாரோ போட்ட முடிச்சு. அதை என் கழுத்தில் மட்டும் கட்டாதீர்கள். எல்லோரும் சேர்ந்து அவிழ்ப்போம்.

2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் தோட்ட மக்களுக்கு 10,000 வீடுகள் என்று அறிவித்தபோது நீங்களும் நானும் கூட்டத்தில் நின்றோமே, மாமா. வரும் வழியெல்லாம் வீட்டோடு கிடைக்கும் 7 பேர்ச் காணியில் எங்கே முருங்கை நடுவது, எங்கே கோழிக்கூடு வைப்பது என்று நீங்கள் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். அந்தக் காணி நம் கையில் இருந்திருந்தால் அம்மா இன்று என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டார்.

மணி மாமா, 9.29
முருங்கை ஞாபகம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை

ஜெயா பெரியம்மா (கோத்தகிரி, தமிழ்நாடு), காலை 6.15
எல்லாம் காலையில்தான் பார்த்தேன். பேரன் உட்கார்ந்து தட்டுகிறான், நான் சொல்கிறேன்.

1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று நம் மலையகத் தமிழரைப் பங்கு பிரித்தார்கள். நான் வாழ்க்கைப்பட்ட வீடு இந்தியப் பங்கில் விழுந்தது. 1976இல் ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறும்போது கவிதாவின் அம்மாவுக்கு ஒன்பது வயது. என் சேலை முந்தானையை விடவே இல்லை. கோச்சி நகர்ந்த பிறகும் பிடித்துக்கொண்டு ஓடினாள். தலைமன்னாரில் கப்பல் ஏறும்வரை அந்த முந்தானையை நான் உதறவில்லை, மடித்து இடுப்பில் செருகி வைத்திருந்தேன். அவளை அடுத்துப் பார்த்தது 27 வருடம் கழித்து. எங்கள் அப்பா செத்ததற்குக் கடிதம்தான் வந்தது, அதுவும் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு.

இங்கேயும் தேயிலைதான் பறித்தேன். வேலை முடிந்தால் லயத்தை விட வேண்டுமோ என்ற பயம் இங்கேயும் உண்டு. அதனால் அவள் பயம் எனக்குப் புரிகிறது.

ஆனால் தம்பி மணி, அந்தப் பிரிவை நீயும் பார்த்தவன். இந்தப் பிள்ளை ஒரு பஸ் தூரத்துக்குப் போகிறேன், சனிக்கிழமை வருகிறேன் என்று கேட்டு நிற்கிறாள். எங்களை யாரும் கேட்கவே இல்லை.

மணி மாமா, 6.40
அக்கா, அதை ஞாபகப்படுத்தாதே.

ரதி மதினி, 7.05
அத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பெரியம்மா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். இப்போது அத்தை சொல்வதை அப்படியே எழுதுகிறேன்:

“அக்கா, அந்தச் சேலை வாடாமல்லிக் கலர். எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கவிதா, அன்று நான் பேர் பதியச் சொன்னது பயத்தில் வந்த வார்த்தை. வெயிலிலும் அட்டைக் கடியிலும் நான் பட்டது போதும், அது உனக்கு வேண்டாம் என்றுதான் உன்னைப் படிக்க வைத்தேன். அந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளாதே. இரவில் கதவைத் தாழ் போட்டுப் படு. காலையில் சாப்பிடாமல் ஓடாதே.”

அத்தை அழுகிறார். நானும்தான். அவள் போனால் இந்த வீட்டில் எனக்கு வேறு பேச்சுத் துணை இல்லை. ஆனாலும் போகட்டும்.

கவிதா, 7.09
மதினி, பீலிக் கரையில்தான் நிற்கிறேன். இதோ வருகிறேன்.

பிரகாஷ் அண்ணன், 7.20
முற்பணத்தில் பாதியை நான் அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே. வீட்டு விஷயத்துக்கு நான் சித்திரை லீவில் வருகிறேன். மாமா, காணிக்கு முன்பு கொடுத்த விண்ணப்பத்தின் பிரதி உங்களிடம்தானே இருக்கிறது? இருவருமாகப் பிரதேச செயலகத்துக்குப் போய்க் கேட்போம்.

மணி மாமா, 7.26
இருக்கிறது. பெட்டியில் வைத்திருக்கிறேன். கவிதா, அந்த வீட்டுக்கார அம்மாவிடம் நான் ஒரு தரம் நேரில் பேச வேண்டும். அதற்குச் சம்மதமா?

கவிதா, 7.27
சம்மதம், மாமா.

அப்பா, 7.41
பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்த வீட்டுக்கு எவ்வளவு தூரம்?

கவிதா, 7.42
எட்டு நிமிட நடை, அப்பா.

அப்பா, 7.48
பாதையில் விளக்கு இருக்கிறதா?

கவிதா, 7.48
இருக்கிறது, அப்பா. வாசல் வரை இருக்கிறது.

அப்பா, 7.55
சரி. அடுத்த ஞாயிறு மாமாவோடு நானும் வந்து பார்க்கிறேன். இருட்டிய பிறகு பார்க்க வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வை.