கண் பரிசோதனை நிலையம் கைமாறும்போது பதிவுச் சான்றிதழும் பழைய நோயாளர் அட்டைகளும் என்னாகும்?

கொக்குவில் ஒப்டோமெற்றிஸ்ட் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடிக்கான பவரைக் குறிக்கும் துறையான ஒப்டோமெற்றி பயின்று, இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்று, இதுவரை கொழும்பில் ஒரு தனியார் நிலையத்தில் சம்பளத்துக்குப் பணியாற்றி வந்தேன். இப்போது ஊரோடு வந்து சேர எண்ணியிருக்கும் வேளையில், யாழ்ப்பாண நகரில் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு கண்ணாடிக் கடையை, அதன் உரிமையாளரான பெரியவர் முதுமை காரணமாக விற்க முன்வந்துள்ளார். கடையோடு கண் பரிசோதனை அறையும் உண்டு. மாலை வேளைகளில் கண் வைத்திய நிபுணர் ஒருவரும் அங்கு வந்து நோயாளரைப் பார்வையிடுகிறார்.

வியாபாரப் பெயர்ப் பதிவும் மாநகர சபை அனுமதியும் இருக்கின்றன, அவற்றை என் பெயருக்கு மாற்றினால் போதும் என்று பெரியவர் சொல்கிறார். அது போதுமா என்பது என் முதலாவது ஐயம்.

இரண்டாவது, பின்னறையில் உள்ள நோயாளர் அட்டைகள் பற்றியது. சப்பாத்துப் பெட்டிகளில் அடுக்கப்பட்டுள்ள அந்த அட்டைகளுள் சில தொண்ணூறுகளைச் சேர்ந்தவை. பலவற்றில் கண்ணாடியின் பவர் மட்டுமே உள்ளது. யார் பரிசோதித்தார் என்ற குறிப்பில்லை. சிலவற்றில், பவரைத் தானாக அளக்கும் ஒட்டோ ரிஃப்ராக்டர் இயந்திரத்தின் துண்டுச் சீட்டைக் குத்தி வைத்திருக்கிறார்கள். அதன் எழுத்து மங்கி, வெள்ளைத் தாளாகவே மிஞ்சியிருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு மேற்பட்டவற்றை எரித்துவிடலாம் என்கிறார் பெரியவர். நான் என்ன செய்வது முறையாகும்? இத்துறையில் அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விளக்கவும்.

வடமராட்சி கண்நலம் எழுதியது:

தம்பி, நல்ல வேளையாக வாங்குவதற்கு முன்னரே கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பத்திரங்கள் ஒன்றுக்கொன்று ஈடாகமாட்டா. வியாபாரப் பெயர்ப் பதிவு கடையின் பெயருக்கு உரியது. மாநகர சபையின் அனுமதி அந்த இடத்தில் வியாபாரம் நடத்துவதற்கு உரியது. இவ்விரண்டில் எதுவும் ஒருவருடைய கண்ணைப் பரிசோதிக்கும் தகுதியை எவருக்கும் தருவதில்லை. அந்தத் தகுதி 1927 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் மருத்துவ சபையில் உங்கள் பெயரில் உள்ள பதிவு. அது ஆளோடு வருவது, ஆளோடு போவது. பெரியவரின் பதிவை நீங்கள் வாங்க முடியாது, உங்கள் பதிவை விடுமுறை நாளில் விற்பனையாளருக்கு இரவல் கொடுக்கவும் முடியாது. நீங்கள் இல்லாத நாளில் கண்ணாடி விற்கலாம், சட்டகத்தைத் திருத்திக் கொடுக்கலாம். பரிசோதனை அறை பூட்டியே இருக்க வேண்டும். நம்மூரில் இதைக் கடுமையாகக் கடைப்பிடிப்பவர்கள் குறைவு என்பதில் எனக்கு மிகுந்த கவலை உண்டு.

இவற்றுக்கு அப்பால் இன்னொன்று உண்டு. 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு செய்தல்) சட்டம் இடத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது. பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆலோசனை அறைகளையும் சுகாதாரப் பரிசோதனைச் சேவை வழங்கும் இடங்களையும் அச்சட்டம் தன் வரைவிலக்கணத்துள் அடக்குகிறது. நிபுணர் மாலையில் வந்து நோயாளரைப் பார்க்கும் அறை உங்களிடம் இருப்பதால் இதை வெறும் கடை என்று சொல்லித் தப்ப இயலாது. மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, வரும் பதிலைக் கோவையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பவர் மட்டும் எழுதப்பட்ட அட்டையால் கண்ணாடி செய்யலாம்; கண்ணின் நிலையை அறிய முடியாது. ஆறு வயதுப் பிள்ளை ஒன்றின் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இடது கண்ணில் கண்ணாடியின்றி 6/18 (சாதாரணக் கண் 18 மீற்றரில் காண்பதை 6 மீற்றரில்தான் காணும் பார்வை), ஒளிவிலகல் குறையைத் தற்காலிகமாக ஈடுசெய்யும் சிறு துளையுள்ள துளைத்தகட்டின் ஊடாகப் பார்க்கும்போதும் 6/18 என்று எழுதியிருந்தால், பார்வைக் குறைவுக்கு ஒளிவிலகல் மட்டும் காரணமல்ல, மந்தக் கண்ணாகவோ (சிறு வயதில் பார்வை சரிவர வளராத கண்) வேறு நோயாகவோ இருக்கலாம் என்பது அடுத்து பார்ப்பவருக்கு உடனே விளங்கும். அதே அட்டையில் ‘இடது +2.50’ என்று மாத்திரம் இருந்தால், அந்தப் பிள்ளை கண்ணாடி போட்டபின் தேறியதா, தேறாமலே பன்னிரண்டு வயதாயிற்றா என்று யாராலும் சொல்ல முடியாது. மந்தக் கண்ணுக்குச் சிகிச்சை நன்றாகப் பலிக்கும் வயது அதற்குள் பெரும்பாலும் கடந்துவிடும்.

கண்ணழுத்தமும் அவ்வாறே. 19 என்று மட்டும் எழுதுவது அரைகுறை. காலையா மாலையா, காற்றூதும் கருவியா, கண்ணைத் தொட்டு அளக்கும் கோல்ட்மான் கருவியா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், ஏனெனில் அழுத்தம் ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். கருவிக்குக் கருவி அளவும் வேறுபடும். பார்வை நரம்புத் தலையின் குழி விகிதம் (நரம்புத் தலையில் நடுக்குழி அடக்கும் பங்கு; அது பெருகுவது நரம்பு பாதிக்கப்படுவதைக் காட்டலாம்) சென்ற முறை 0.4, இம்முறை 0.6 என்று இரண்டு வரிகள் அருகருகே இருந்தால், நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் தெரியாத நிலையிலேயே அவரைப் பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்கு அனுப்பிவிடலாம்.

துண்டுச் சீட்டு வெப்பத்தாளில் அச்சாவது. நம்மூர் வெக்கையில் அது நிலைக்காது. இனி வருவனவற்றை அன்றன்றே அட்டையில் கையால் எழுதுங்கள். ஒவ்வொரு பரிசோதனையின் கீழும் திகதி, உங்கள் பெயர், பதிவிலக்கம், கையொப்பம் ஆகியவை இருக்க வேண்டும். தவறாக எழுதியதை வெள்ளை மையால் மூடாமல், ஒற்றைக் கோட்டால் வெட்டிப் பக்கத்தில் சரியானதை எழுதித் திகதியுடன் சுருக்கொப்பமிடுங்கள்.

எரிப்பதற்கு நான் உடன்படேன். போரால் நேர்ந்த 1995 இடப்பெயர்வில் நம் மக்கள் எத்தனையோ பத்திரங்களை இழந்தார்கள். எஞ்சிய பழைய அட்டை ஒன்று ஒருவருடைய கண்ணின் முப்பது ஆண்டு வரலாற்றுக்கு ஒரே சாட்சியாக இருக்கக்கூடும்.

சட்டத்தரணி, நல்லூர் எழுதியது:

மேலே ஐயா கூறியவற்றோடு சட்டப் பக்கத்தைச் சேர்க்கிறேன். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தரவுகளைச் சிறப்பு வகையாகக் கொள்கிறது. மருத்துவ நோக்கங்களுக்காக அவற்றைக் கையாள்வதற்கு அச்சட்டம் இடமளிக்கும்போது, எழுத்துச் சட்டமொன்றின் கீழ் உரிமம் பெற்ற அல்லது அதிகாரமளிக்கப்பட்ட சுகாதாரத் தொழில்வல்லுநரையே முன்வைக்கிறது. அதாவது உங்கள் மருத்துவ சபைப் பதிவு, கண்ணைப் பரிசோதிக்கவும், அப்பரிசோதனையின் குறிப்பை வைத்திருக்கவும் அடிப்படையாகிறது. ஆகவே பெட்டிகளைக் கடைத் தளபாடத்தோடு விலை பேசுவது பொருந்தாது. அட்டை என்ற தாள் நிலையத்தினுடையது. அதிலுள்ள விபரத்தில் நோயாளிக்கு உரிமை உண்டு. அவர் கேட்டால் பார்க்கக் கொடுக்க வேண்டும், பிழையிருந்தால் திருத்திக் கொடுக்க வேண்டும்.

‘ஐந்து ஆண்டு’ என்ற கணக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி தீங்குக்கான நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு ஆண்டும், எழுத்திலான ஒப்பந்தத்தின் மீதான வழக்குக்கு ஆறு ஆண்டும் எல்லையாகும். ஆனால் அவை வழக்குத் தொடுப்பவருக்கு விதிக்கப்பட்ட எல்லைகள். நோயாளியின் நலனுக்காக எவ்வளவு காலம் பேண வேண்டும் என்பதற்கு அவை அளவுகோலல்ல.

இலண்டனிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்தவர் எழுதியது:

இங்கு ஒப்டோமெற்றிஸ்டாகப் பணியாற்றுகிறேன். இங்குள்ள ஒப்டோமெற்றிஸ்ட் கல்லூரி, நோயாளியைக் கடைசியாகப் பார்த்த நாளிலிருந்து 10 ஆண்டுகள் பதிவைப் பேணுமாறும், சிறுவரெனில் 25 வயது நிறையும்வரையாவது வைத்திருக்குமாறும் அறிவுறுத்துகிறது. இலங்கையில் அது உங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும் நிலையத்துக்கு ஓர் எழுத்து விதி வகுக்கும்போது முன்மாதிரியாகக் கொள்ளத் தக்கது. இங்கு பரிசோதனை முடிந்த கையோடு பவர்ச் சீட்டை நோயாளியிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது 1989 முதல் ஒழுங்குவிதியாகவே உள்ளது. கண்ணாடியை நம்மிடமே செய்ய வேண்டுமென்று சீட்டை மறிப்பது தொழிலுக்கு அழகல்ல. அங்கும் நீங்கள் அவ்வழக்கத்தைத் தொடங்கி வைக்கலாம்.

கணினிக்கு மாற்றுவதாயின் அட்டைகளை முதலில் படமாக ஸ்கான் செய்யுங்கள், தட்டச்சு செய்வது பிறகு. +1.00 / -0.50 × 180 என்பதும் +0.50 / +0.50 × 90 என்பதும் எழுதும் முறையில் வேறுபட்டாலும் ஒரே கண்ணாடிதான். முன்னதைப் பதியும்போது ஒரு கழித்தல் குறி விடுபட்டால், யாரும் எழுதாத ஒரு பவர் அந்த நோயாளியின் பெயரில் ஏறிவிடும். படம் இருந்தால் ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம்.

கொக்குவில் ஒப்டோமெற்றிஸ்ட் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியவரிடம் பேசினேன், எரிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் நோயாளரின் தொலைபேசி இலக்கப் பட்டியலின் பிரதியைத் தம் மருமகனுக்குக் கொடுக்க விரும்புகிறார். மருமகன் வேறிடத்தில் கண்ணாடிக் கடை திறக்கப் போகிறாராம். இதை எப்படி மறுப்பது?

சட்டத்தரணி, நல்லூர் எழுதியது:

மறுக்கத்தான் வேண்டும், தம்பி. நோயாளர் தங்கள் இலக்கத்தைக் கண் பரிசோதனைக்காகத் தந்தார்கள். இன்னொரு கடையின் விளம்பரத்துக்காகத் தரவில்லை. விற்பனை ஒப்பந்தத்திலேயே இதற்குத் தனி வாசகம் சேர்த்துவிடுங்கள்: நோயாளர் பதிவுகள் தொடர் பராமரிப்புக்காக உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்படுகின்றன, விற்பவர் எவ்வடிவிலும் பிரதி வைத்திருக்கவில்லை, பெட்டிகளின் எண்ணிக்கையும் அவை அடக்கும் ஆண்டுகளும் அட்டவணையில் உள்ளவாறு என்று எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். உரிமை மாறியதை அறிவித்து, தம் அட்டையை வேறிடத்துக்கு மாற்ற விரும்புவோர் கேட்டுப் பெறலாம் என்ற அறிவித்தலைக் கடை வாசலில் சில மாதங்களுக்குத் தொங்கவிடுங்கள். மருமகனிடமே போக விரும்பும் நோயாளி தானாக வந்து கேட்டால், அவருடைய அட்டையின் பிரதியை அவர் கையிலேயே கொடுத்துவிடலாம்.