கூலன்ட் மாற்றிய பிறகு ஐடில் உதறுகிறது, ஹீட்டரில் சூடு இல்லை – அவசரம்

வெள்ளைக்குதிரை: நேற்று எஞ்சினை ஆற்றும் திரவமான கூலன்ட்டை மாற்றினேன். அதிலிருந்து ரேஸ் கொடுக்காமல் ஐடிலில் விட்டால் வண்டி நின்ற இடத்தில் உதறுகிறது, ஆர்பிஎம் முள் ஏறி ஏறி இறங்குகிறது. ஹீட்டர் போட்டால் குளிர்ந்த காற்றுதான், ரேஸ் கொடுத்தால் கொஞ்சம் சூடு வருகிறது. நாளைக் காலை நெடுந்தூரம் கிளம்ப வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

ஸ்பேனர்12: என்ன வண்டி? பெட்ரோலா, டீசலா? டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது?

கரும்புகை: ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள சீல், போய்விட்டது. ஹீட்டரும் ஐடிலும் சேர்ந்து கெட்டால் அதுதான். ஓட்டாதீர்கள்.

நாலாம்கியர்: எத்தனை லிட்டர் வடிந்தது, எத்தனை லிட்டர் உள்ளே போனது? இதைச் சொன்னாலே பாதி தெரிந்துவிடும். எஞ்சின் லைட் எரிகிறதா?

பழையஇரும்பு: மாதம் தவறாமல் இதே கேள்வி வருகிறது. கூலன்ட் பாதையில் சிக்கிய காற்றை எடுப்பது எப்படி என்று வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும், தம்பி. அதைப் படித்துவிட்டு பானட்டைத் திறந்திருக்கலாம். சூடேறியதும் கூலன்ட்டுக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வையும் மாற்றினீர்களா? அதில் ஆடும் சின்னப் பின் மேல்பக்கம் வர வேண்டும். கீழே போனால் காற்று வெளியேற வழியே இருக்காது.

வெள்ளைக்குதிரை: பெட்ரோல், 1.4 லிட்டர் எஞ்சின். கூலன்ட் ஐந்து லிட்டர் வடிந்தது, மூன்றரைதான் போனது. லைட் இல்லை. டெம்பரேச்சர் முள் நடுவில், சில நேரம் திடீரென்று ஏறுகிறது.

நாலாம்கியர்: ஒன்றரை லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருக்கிறது சார். ஹீட்டர் கோர் (உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர்) பெரும்பாலும் மேடான இடத்தில் இருக்கும், காற்று அங்கே போய் நின்றுகொள்ளும். ரேஸ் கொடுத்தால் பம்ப் வேகமாகத் தள்ளுவதால் கொஞ்சம் சூடு வருகிறது.

ஐடிலுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். கூலன்ட் சென்சார் காற்றுக்குள் நின்றால் தப்பான அளவைச் சொல்லும். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாக நினைத்து இசியூ, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், பெட்ரோலை அதிகம் விடும், சரியாக எரியாமல் மிஸ்ஸிங் வரும். சில எஞ்சின்களில், எஞ்சினுக்குள் போகும் காற்றை அளந்துவிடும் த்ராட்டில் பாடி வழியாகவும் கூலன்ட் ஓடும், அங்கே காற்று பிடித்தாலும் ஆர்பிஎம் முள் இப்படித்தான் ஆடும்.

முழுதாக ஆறிய பிறகு மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், கெஞ்சிக் கேட்கிறேன். முன்பக்கத்தைச் சரிவில் உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். காற்றை வெளியே விடும் ப்ளீட் ஸ்க்ரூ இருந்தால் குமிழி இல்லாமல் ஒழுகும்வரை திறந்துவைத்து மெதுவாக ஊற்றி, பிறகு மூடுங்கள். அப்புறம் ரேடியேட்டர் மூடி இல்லாமலே ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் திறக்கும். மேல் ஹோஸ் சூடாகி மட்டம் சட்டென்று இறங்கும். உடனே நிரப்பி மூடியைப் போடுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கட்டும். ஆறவிட்டு மறுபடி மட்டம் பாருங்கள்.

ஸ்பேனர்12: இது எல்லாம் சரி. ஆனால் வேலை செய்யும்போது ஏதாவது வேக்யூம் ஹோஸ் (எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்தில் உள்ள சின்னக் குழாய்) கழன்றிருந்தாலும் ஐடில் ஆடும். முதலில் அதைப் பாருங்கள்.

கரும்புகை: காற்றெடுத்த பிறகும் குமிழி நிற்காமல் வந்தால் கேஸ்கெட்தான். நீல நிற டெஸ்ட் திரவம் மஞ்சளானால் எஞ்சினில் எரிந்த புகை கூலன்ட்டுக்குள் வருகிறது என்று அர்த்தம்.

தண்ணீர்த்தொட்டி: என்ன கலர் ஊற்றினீர்கள்? பச்சைக்குப் பதில் சிவப்பு ஊற்றினால் இப்படித்தான் ஆகும்.

பழையஇரும்பு: கலர் வெறும் சாயம். ஒரே கலரில் வேறு வேறு ரசாயனம் விற்கிறார்கள். கேனில் எழுதியிருக்கும் தரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தண்ணீர்த்தொட்டி: நான் வருஷக்கணக்காகக் குழாய்த் தண்ணீர் மட்டும்தான் ஊற்றுகிறேன். ஒன்றும் ஆகவில்லை.

பழையஇரும்பு: உள்ளே உப்பும் துருவும் படிவது வெளியே தெரியாது. காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்தால் துரு பிடிக்காது, கொதிநிலையும் உயரும்.

தண்ணீர்த்தொட்டி: கொதிநிலையை உயர்த்துவது மூடியின் அழுத்தம், கூலன்ட் இல்லை. 1 பார் மூடி இருந்தால் தண்ணீரே 120 டிகிரி வரை தாங்கும்.

பழையஇரும்பு: இரண்டும்தான் உயர்த்தும். அந்த மூடி கசிந்தால் உங்கள் தண்ணீர் 100லேயே கொதிக்கும். அதோடு தண்ணீரில் துருவைத் தடுக்க எதுவும் இல்லை.

ஸ்பேனர்12: அண்ணே, இந்தச் சண்டை அப்புறம். கேட்டவர் எங்கே போனார்?

வெள்ளைக்குதிரை: நாலாம்கியர் சொன்னபடி செய்தேன். இன்னும் ஒன்றே கால் லிட்டர் போனது. ஹீட்டர் நன்றாகச் சுடுகிறது, ஆர்பிஎம் முள் ஆடவில்லை. குளிர்ந்த ஸ்டார்ட்டில் மட்டும் லேசாக உதறுகிறது. நன்றி.

நாலாம்கியர்: நல்லது சார். கிளம்புவதற்கு முன் ஆறிய வண்டியில் மட்டம் பாருங்கள். இசியூவைப் படிக்கும் ஸ்கேனர் கிடைத்தால் ஸ்டார்ட் செய்யும் முன்பே கூலன்ட் சூட்டையும் உள்ளே வரும் காற்றின் சூட்டையும் ஒப்பிடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய வித்தியாசம் என்றால் சென்சார்.

கரும்புகை: அந்தக் குளிர்ந்த ஸ்டார்ட் உதறலை அலட்சியம் செய்யாதீர்கள். மட்டமும் இறங்கியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வெள்ளைப் புகை வருகிறதா?

ஸ்பேனர்12: வேக்யூம் ஹோஸ் பார்த்தீர்களா?