ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் காட்ஸ்பி’ நாவலில் உங்களை இன்னும் உறுத்துகிற ஆள் யார்?

புங்கமரம்:
காட்ஸ்பி தூரத்திலிருந்து பார்த்து ஏங்கும் பச்சை விளக்கைப் பற்றி எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். என்னை விடாதவர் காட்ஸ்பியின் அப்பா, கிழவர் ஹென்றி காட்ஸ். மகன் செத்த செய்தியைச் செய்தித்தாளில் படித்துவிட்டு வந்து சேர்கிறாரே, அவர்தான். மகனுடைய மாளிகைக்குள் நின்றுகொண்டே அதே மாளிகையின் புகைப்படத்தைப் பர்ஸிலிருந்து எடுத்து, கதைசொல்லி நிக்கிடம் நீட்டுகிறார். மூலைகள் வெடித்து, பல கைகள் பட்டு அழுக்கேறிய படம். பிறகு ஒரு பழைய கதைப் புத்தகத்தின் பின்னட்டையைத் திறக்கிறார். 1906-இல் சிறுவன் எழுதிய அட்டவணை. காலை 6 மணிக்கு எழுந்திருத்தல், உடற்பயிற்சி, மின்சாரம் பற்றிய படிப்பு. கீழே தீர்மானங்கள். வாரம் 5 டாலர் சேமிப்பு என்று எழுதி, அதை அடித்துவிட்டு 3 டாலர்.

போன மாதம் மகனின் அலமாரியைத் துடைக்கும்போது, பத்தாம் வகுப்பில் அவன் கதவின் உள்பக்கம் ஒட்டிய அட்டவணை கண்ணில் பட்டது. 4.30-க்கு எழுந்திருத்தல் என்பதை அடித்து 5.30, அதையும் அடித்து 6. துணியும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கடைசிபெஞ்ச்:
எனக்கு டெய்சி, காட்ஸ்பியின் பழைய காதலி. கல்லூரியில் பாடமாக வந்தபோதே ஆகவில்லை. காட்ஸ்பியின் சட்டைக் குவியலில் முகம் புதைத்து அழுவதைச் சொல்லவில்லை, விபத்து நடந்த இரவைச் சொல்கிறேன். காரை ஓட்டி, தன் கணவன் டாமின் ஆசைநாயகி மர்ட்டிலைக் கொன்றவள் அவள். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு காட்ஸ்பி வெளியே இருட்டில் காவல் நிற்கிறான். உள்ளே சமையலறை மேசையில் அவளும் டாமும் எதிரெதிரே, நடுவில் ஆறிப்போன பொரித்த கோழி. இருவரும் அதைத் தொடவில்லையாம். அதற்காக மன்னித்துவிட வேண்டுமா? அவன் இறுதிச் சடங்குக்கு ஒரு பூகூட வரவில்லை அவளிடமிருந்து.

தேயிலைத்தூள்:
கடைசிபெஞ்ச், கோழியைப் பார்த்த நீங்கள் கடிதத்தைப் பார்க்கவில்லையா? 1919 ஜூன், லூயிவில் நகரம், டெய்சியின் கல்யாணத்துக்கு முந்தைய நாள். டாம் கொடுத்த 3,50,000 டாலர் முத்துமாலை குப்பைக்கூடையில் கிடக்கிறது. இவள் குடித்துவிட்டு, மனது மாறிவிட்டதாக எல்லாரிடமும் சொல்லச் சொல்லி அழுகிறாள். குளிர்ந்த நீர்த்தொட்டியில் உட்காரவைக்கிறார்கள். காட்ஸ்பி எழுதியதாகத்தான் இருக்க வேண்டும், அந்தக் கடிதத்தை மட்டும் கையிலிருந்து விடவில்லை. அது நனைந்து உருண்டையாகிப் பனிபோல உதிரத் தொடங்கிய பிறகுதான் சோப்புத் தட்டில் வைக்க விடுகிறாள். அரை மணி நேரத்தில் முத்துமாலை மறுபடி கழுத்தில்.

என் அக்காவுக்கும் இப்படி ஓர் இரவு இருந்தது. அதற்கு மேல் எழுத மாட்டேன். இன்னொன்று: டெய்சியின் அந்த அழுகைக்கு நமக்குக் கிடைத்த ஒரே சாட்சி அவளுடைய தோழி ஜோர்டன் பேக்கர். அந்த ஜோர்டனை நிக்கே பொய்க்காரி என்கிறான்.

மூன்றாம்மாடி:
நாய்க்குட்டியை யாரும் சொல்லவில்லையே! மர்ட்டில் ஆசைப்பட்டதால் டாம் தெருவில் 10 டாலர் எறிந்து வாங்குகிறான். லிஃப்ட் பையன் வாங்கி வந்த நாய் பிஸ்கட்டுகளில் ஒன்று தட்டுப் பாலில் மாலை முழுவதும் ஊறிக் கரைகிறது. குட்டி மேசைமேல் உட்கார்ந்து புகைக்குள் மெல்ல முனகுகிறது. அன்றிரவே டாம் மர்ட்டிலின் மூக்கை உடைக்கிறான். கடைசியில் மர்ட்டிலுக்காக வைத்திருந்த ஃபிளாட்டைக் காலி செய்யப் போனபோது பிஸ்கட் பெட்டியைப் பார்த்துக் குழந்தைபோல அழுததாக அவனே நிக்கிடம் சொல்கிறான். நான் அந்த வரியில் டாமுக்காக இரக்கப்பட்டுவிட்டேன். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்காக என்மேலேயே எனக்குக் கோபம், ஆறு வருடமாக.

நிதானவாசகன்:
எனக்கு நிக் காரவேயைப் பிடிக்காது. யாரையும் எடைபோட மாட்டேன் என்று தொடங்கிவிட்டுப் புத்தகம் முழுக்க எடைபோடுகிறான். அவ்வளவுதான் என் அனுபவம்.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒன்பதே அத்தியாயம், நாளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். திரைப்படத்தை முதலில் பார்க்காதீர்கள். பென்சிலால் ஒரு வரைபடம் போடுங்கள்: வளைகுடாவின் இரு கரையில் இரண்டு ஊர்கள், நியூயார்க் போகும் வழியில் சாம்பல் மேடு, அங்கே மர்ட்டிலின் கணவன் வில்சனின் கராஜ். ஏழாம் அத்தியாயத்தில் எந்தக் காரில் யார் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நகரத்துக்குப் போகும்போது காட்ஸ்பியின் மஞ்சள் காரை ஓட்டுவது டாம். கராஜில் பெட்ரோல் போட நிற்கிறான், மாடி ஜன்னலிலிருந்து மர்ட்டில் பார்க்கிறாள். திரும்பும்போது அதே காரில் டெய்சியும் காட்ஸ்பியும். டாம்தான் வருகிறான் என்று நினைத்து மர்ட்டில் சாலைக்கு ஓடுகிறாள். இதைக் கவனிக்காமல் படித்தால் விபத்து வெறும் தற்செயலாகத் தெரியும். அகராதியை முதல் வாசிப்பில் தொடாதீர்கள். இரண்டாம் வாசிப்புக்கு ஒரு வருடமாவது இடைவெளி விடுங்கள். உரைநூல்களை நம்பாதீர்கள்.

கடைசிபெஞ்ச்:
நிதானவாசகன், இங்கே எல்லாரும் படித்து முடித்தவர்கள்தான்.

தேயிலைத்தூளுக்கு: கடிதத்தை மறக்கவில்லை. கரைந்ததும் விட்டுவிட்டாள் அல்லவா, அதைத்தான் நானும் சொல்கிறேன்.

தேயிலைத்தூள்:
கரைகிற வரைக்கும் பிடித்திருந்தாள். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

புங்கமரம்:
சண்டை போடாதீர்கள். நேற்று அந்தப் பக்கத்தை மகனுக்குப் படித்துக் காட்டினேன். தன் அட்டவணையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “அந்த மூன்று டாலரையாவது சேர்த்தானா?” என்று கேட்டான்.