கதவைக் கழட்டியாச்சு, நிலைல இருக்கிற கீல் பள்ளத்தை எப்படி அடைக்கிறது?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். மதுரைல சொந்த வீடு, 94ல கட்டுனது. அப்பாவுக்கு இடுப்புல ஆபரேஷன் ஆகி இப்ப வாக்கர் வச்சுத்தான் நடக்கிறார். அவர் ரூம் கதவு முழுசா திறக்காது, பின்னாடி பீரோ முட்டும், கைப்பிடி வேற வழிலயே நீட்டிக்கிட்டு நிக்கும், வாக்கர் அதுல மாட்டி மாட்டி மனுசன் எரிச்சலாகி கத்த ஆரம்பிச்சுட்டார். அதனால கதவையே கழட்டி மாடில போட்டுட்டு ஸ்க்ரீன் துணி தொங்க விட்டாச்சு.

இப்ப பிரச்சனை நிலைதான். என்ன மரம்னு தெரியல, நல்ல கனம், ஆணி அடிச்சா ஆணிதான் வளையுது. 4 இஞ்சுக்கு 3 இஞ்ச் சைஸ், ப்ரௌன் எனாமல் அடிச்சிருக்கு. ஒரு காலுல மூணு கீல் பள்ளம், எதிர்க் காலுல தாழ்ப்பாள் நுழையுற ஓட்டை, அதைச் சுத்தி மரம் சிதைஞ்சு போய் கெடக்கு. அப்பா வெளிய வரும்போது நிலையத்தான் பிடிச்சுக்கிட்டு நிப்பார், நேத்து உள்ளங்கைல சிராய் ஏறிடுச்சு.

பெயிண்டர் ஒருத்தரக் கேட்டேன், செவுத்துக்கு வைக்கிற பட்டியவே வச்சு இழுத்துரலாம்னு சொல்றார். நிக்குமா? அம்மா வேற, அவர் நல்லா நடந்தப்புறம் கதவைத் திரும்ப மாட்டணும்னு இப்பவே சொல்லிட்டாங்க. ரெண்டுக்கும் ஒத்து வர்ற மாதிரி வழி சொல்லுங்க.

பெயிண்ட்வாளி:

செவுத்துப் பட்டி வேணாம் சார். அது வெள்ளை சிமெண்ட், மரம் மழைக்கு ஊதும் வெயிலுக்குச் சுருங்கும், சிமெண்ட் கூட வராது, ஓரத்துல மயிரிழை விட்டு ஒரு நாள் பாளம் பாளமா விழும். மரத்துக்குன்னே என்.சி. பட்டி டப்பால வருது, இல்லன்னா வுட் ஃபில்லர். ஆனா அதையும் மொத்தமா அப்பக் கூடாது, மெல்லிசா இழுத்து, காய விட்டு, மறுபடி இழுக்கணும். கீல் பள்ளம் 3 மில்லிமீட்டருக்குக் கிட்ட இருக்கும், அவ்வளவையும் ஒரே இழுப்புல அடைச்சா மேல காஞ்சு உள்ள ஈரமா நிக்கும், அப்புறம் நடுவுல குழி விழும்.

உளிச்சத்தம்:

பட்டியெல்லாம் ஸ்க்ரூ ஓட்டைக்கும் சின்ன வெடிப்புக்கும்தான். கீல் பள்ளத்துக்கு மரத்துண்டுதான் சரி, எங்கப்பா தச்சு வேலை, நானும் லீவு நாள்ல கூடப் போவேன், அந்த உரிமைல சொல்றேன். அதுவும் கதவு திரும்ப வரணும்னு அம்மா சொல்றாங்கன்னா பட்டி பக்கமே போகாதீங்க, பட்டில ஸ்க்ரூ பிடிக்காது. மரத்துண்டு வச்சு ஒட்டுனீங்கன்னா நாளைக்கு அதுலயே உளி வச்சு புதுசாப் பள்ளம் எடுத்து கீல் வைக்கலாம்.

முதல்ல ஸ்க்ரூ ஓட்டை. தீக்குச்சி மருந்து முனைய உடைச்சுட்டு, இல்லன்னா மூங்கில் குச்சியச் சீவி, பெவிகால்ல முக்கி இறுக்கமா அடிச்சு ஏத்துங்க. நல்லா காஞ்சதும் மட்டமா வெட்டிருங்க. அடுத்து பள்ளத்துக்குள்ள இருக்கிற பழைய பெயிண்ட், அழுக்கு, துரு எல்லாத்தையும் உளியால சுரண்டி வெறும் மரம் தெரியணும், பெயிண்ட் மேல பெவிகால் போட்டா பெயிண்டோட சேந்து உரிஞ்சு வந்துரும். கழட்டுன கீலையே எடுத்து மரத்து மேல வச்சு பென்சில்ல கோடு போட்டீங்கன்னா அளவு அச்சா வந்துரும், டேப்பே வேணாம். துண்டோட ரேகை நிலை ரேகையோட ஒரே வாக்குல ஓடணும், குறுக்க வச்சா பெயிண்டுக்கு அடியில கூட தெரியும். கனம் மட்டும் ஒரு நூல் (இஞ்ச்ல எட்டுல ஒரு பங்கு) கூடுதலா விடுங்க, பின்னாடி இழைச்சு மட்டம் பண்ணிக்கலாம்.

ஒட்டுனதும் அமுக்கிப் பிடிக்கணுமே, நிலைல கிளாம்ப் எங்க மாட்டுறது? அதுக்கு ஒரு வேலை இருக்கு. துண்டு மேல பாலிதீன் தாள், அது மேல ஒரு சின்னக் கட்டை, அங்கருந்து எதிர்க் கால் வரைக்கும் குறுக்க ஒரு ரீப்பர், அதாவது மெல்லிசான மரச்சட்டம், கொஞ்சம் நீளம் அதிகமா வெட்டி டைட்டா ஏத்தி விட்ருங்க, அதுவே ராத்திரி முழுக்க அமுக்கிக்கிட்டு நிக்கும். அதுக்காக சுத்தியலால போட்டு மொத்தாதீங்க, நிலை செவுத்துல ஹோல்ட்ஃபாஸ்ட்லதான் (செவுத்துக்குள்ள பதிச்ச இரும்புப் பட்டை) நிக்குது, அதிர்ந்தா ஓரத்துப் பூச்சு விட்ரும்.

இதுல முக்கியம் ஓரம். கீல் குடுமி (கீலு மடங்குற உருண்டைப் பகுதி) இருந்த எடத்துல நிலையோட முனையே வெட்டுப்பட்டிருக்கும், உங்கப்பா கைல ஏறுன சிராய் அங்கருந்துதான் வந்திருக்கும். துண்டு அந்த முனை வரைக்கும் வரணும், கடைசியா உப்புத்தாளால முனையக் கொஞ்சம் உருட்டி விடுங்க. கண்ணுக்கு நல்லா இருந்தா போதாது, உள்ளங்கைய வச்சு மேலருந்து கீழ ஒரு தடவ இழுத்துப் பாருங்க.

ஹேமா கோவை:

ஒரு சந்தேகம், இவ்வளவு எதுக்கு? காடிய, அதான் நிலைல கதவு உக்கார்ற வெட்டை, மொத்தமா ரீப்பர் வச்சு மூடிட்டா கீல் பள்ளம், தாழ்ப்பாள் ஓட்டை எல்லாமே அதுக்கடியில போயிருமே. எங்க அத்தை வீட்டுல கிச்சனுக்கு அப்படித்தான் பண்ணிருக்காங்க, அங்க ஒரு காலத்துல கதவு இருந்துச்சுன்னே தெரியாது. ஸ்க்ரூ மட்டும் போட்டிருக்காங்க, ஒட்டல.

சித்தப்பா சிவகாசி:

அவங்க பிரச்சனையே வழி பத்தலங்கறது, அதுல போய் ரீப்பரை வச்சு இன்னும் குறுக்கச் சொல்றீங்களேம்மா.

ஹேமா கோவை:

குறையாது சித்தப்பா. காடி இருக்கிற பக்கம் வழி அகலம், காடி இல்லாத பக்கம்தான் குறுகல். குறுகல் எவ்வளவோ அவ்வளவுதான் எப்பவும் வழி. காடிய மட்டத்துக்கு மூடுனா அந்தக் குறுகல் அளவு அப்படியேதான் இருக்கும். அண்ணா, ரெண்டு எடத்துலயும் அளந்து போடுங்களேன்.

வைகைக்கரை:

அளந்துட்டேன். காடிக்குக் காடி 27 இஞ்ச், காடி இல்லாத எடத்துல 26. அப்ப ஒரு பக்கத்துக்கு அரை இஞ்ச் ஆழம். காடி அகலம் ஒண்ணேகால் இஞ்ச், கதவோட கனம்தான். வாக்கர் 26ல தாராளமா போகுது.

உளிச்சத்தம்:

அந்தத் தங்கச்சி சொல்றது சரிதான், உங்க கேசுக்கு அதுதான் பொருத்தம். நான் சொன்ன துண்டு வேலை காடி காடியாவே தெரியட்டும்னு நினைக்கிறவங்களுக்கு. நீங்க ஒண்ணேகாலுக்கு அரை இஞ்ச்ல இழைச்ச ரீப்பர் வாங்கிருங்க, ரெண்டு காலுக்கும் மேல் சட்டத்துக்கும். ஆனா பழைய நிலை காடி எல்லா எடத்துலயும் ஒரே ஆழம் இருக்காது, பெயிண்ட் வேற கட்டி கட்டியா நிக்கும், அதனால மேல நடு கீழ மூணு எடத்துலயும் அளவு எடுத்துட்டுப் போங்க. ஒரு நூல் தூக்கி வாங்கி மாட்டினப்புறம் இழைக்கிறது நல்லது, கம்மியாப் போனா பட்டிதான் கதி.

நீங்க சொல்ற கனத்தைப் பாத்தா சால் மரமாத்தான் இருக்கும். நேரா ஸ்க்ரூ ஏத்தாதீங்க, ட்ரில்லால மெல்லிசா ஓட்டை போட்டுட்டு, ஸ்க்ரூவ சோப்புக் கட்டில ஒரு உரசு உரசி ஏத்துங்க, வழுக்கிக்கிட்டுப் போகும். தலை உள்ள அமுங்கட்டும், அது மேல மட்டும் பட்டி. பெவிகால் வேணாம், அப்பத்தான் அம்மா சொல்ற அன்னிக்கு ரீப்பரைக் கழட்டுனா பழைய கீல் பள்ளம் அப்படியே இருக்கும், அதே கீலை அதே எடத்துல மாட்டலாம். ரீப்பரோட அடி தரையத் தொடாம ஒரு நூல் தூக்கி நிக்கட்டும், வீடு துடைக்கிற தண்ணி ஏறுனா முதல்ல அந்த முனைதான் ஊறும்.

பெயிண்ட்வாளி:

உப்புத்தாள் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க. வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்துல 90 பங்கு) தாண்டக் கூடாதுன்னு நம்ம நாட்டுல விதி வந்ததே 2016ல, அமலுக்கு வந்தது 2017 நவம்பர்ல. உங்களது 94 எனாமல், அதுல ஈயம் இருக்குன்னே வச்சுக்கிட்டு வேலை பாக்குறதுதான் நல்லது. காஞ்ச தாள் போட்டு தேய்ச்சு தூசி கிளப்பாதீங்க, மெஷின் வேணவே வேணாம். வாட்டர் பேப்பர் வாங்கி தண்ணி தொட்டுத் தேய்ங்க, மாஸ்க் போட்டுக்குங்க, கீழ பழைய பேப்பர் விரிச்சு எல்லாத்தையும் சுருட்டிக் கட்டிப் போடுங்க. சின்னப் புள்ளைங்க இருந்தா அன்னிக்கு வேற எங்கயாவது அனுப்பிருங்க.

புது ரீப்பருக்கு வுட் ப்ரைமர் ஒரு கோட், அப்புறம் எனாமல். ரீப்பருக்கு மட்டும் அடிச்சா பழைய ப்ரௌனும் புது ப்ரௌனும் தனித்தனியா பல்லைக் காட்டும், நிலை மொத்தத்துக்கும் அடிச்சிருங்க. எனாமல் வாடை போறதுக்கு நேரமாகும், அப்பாவ ரெண்டு மூணு ராத்திரி ஹால்ல படுக்க வைங்க.

சித்தப்பா சிவகாசி:

சரிம்மா ஹேமா, அளவு விஷயத்துல நீ சொன்னதுதான் சரி. எம் பங்குக்கு ரெண்டு சொல்றேன். தம்பி, தரைல கதவு ஸ்டாப்பர் குமிழ் இருந்தா மொதல்ல அதைப் பிடுங்கு, வாக்கர் கால் அதுல மோதினா ஆளு குப்புறத்தான் விழுவார். கீழ்த் தாழ்ப்பாளுக்குத் தரைல போட்ட ஓட்டையையும் அடைச்சிரு, அதுக்கு வேணா உன் பெயிண்டர் கொண்டு வர்ற வெள்ளை சிமெண்ட் சரிப்படும். இன்னொண்ணு, நிலையோட அடிப்பக்கத்தை ஸ்க்ரூ ட்ரைவரால குத்திப் பாரு, புஸ்ஸுனு உள்ள போச்சுன்னா கரையான், அது மேல ரீப்பரை வச்சு மூடிராத.

மாடில கதவைச் சாய்ச்சு வச்சிருந்தா இறக்கிப் படுக்கப் போடு. சாஞ்சு நிக்கிற பலகை வளைஞ்சுரும், அப்புறம் எந்தக் காடிலயும் உக்காராது. கீலு, ஸ்க்ரூ எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு கதவுலயே டேப் ஒட்டி வச்சிரு.

வைகைக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. குத்திப் பாத்தேன், அடி கல்லு மாதிரி இருக்கு, கரையான் இல்ல. ஸ்டாப்பர் குமிழ் இருந்துச்சு சித்தப்பா, கழட்டிட்டேன். ரீப்பர் தேக்குலயே வாங்கணுமா, இல்ல சாதா மரம் போதுமா?

உளிச்சத்தம்:

பெயிண்ட் அடிக்கப் போறீங்க, தேக்கு எதுக்கு? வேங்கையோ வேம்போ நல்லா காஞ்சதா முடிச்சு இல்லாம பாத்து எடுங்க, பச்சை மரம் தந்தா வாங்காதீங்க. மரவாடிலயே மெஷின்ல இழைச்சு நாலு முனையும் உருட்டித் தருவாங்க, இழைப்புக்குத் தனியாக் காசு கேப்பாங்க, குடுத்துருங்க.